பட்டியலில் முதல் கடை

மில்வாக்கியில் எங்கே சாப்பிடலாம் என்று வெளியூர்க்காரர் யாரும் நார்பர்ட் வைலாண்டிடம் நேரில் கேட்டுவிடக் கூடாது. பதில் வராது, பிரசங்கம் வரும். ஊரின் வார இதழ் ஒன்றில் ஒன்பது வருடமாக அவர்தான் 'எங்கே சாப்பிடுவது' பட்டியலை எழுதுகிறார். எந்த ஓட்டலுக்குப் போனாலும் முதல் வாய் சூப்பை விழுங்கியதும் கண்ணை மூடிக்கொள்வார். நெஞ்சுவலியோ என்று பதறிப் பக்கத்து மேசைக்காரர்கள் எழுந்து வந்ததும் உண்டு. அவர் கண்ணைத் திறக்காமலே, "ஜாதிக்காய்," என்பார். அவ்வளவுதான் விஷயம்.

அந்தப் பட்டியலில் ஒன்பது வருடமும் முதல் இடம் தெற்குப் பக்கத்து 'ஸ்டானெக்ஸ்' என்ற கடைக்குத்தான். வெள்ளிக்கிழமை மீன் வறுவலுக்கு. வெள்ளிக்கிழமை வந்தால் இந்த ஊரில் கத்தோலிக்கன், லூத்தரன், கடவுளே இல்லை என்பவன் எல்லோரும் மீன்தான் தின்பார்கள். அதனால் மீன் கடைக்கு முதல் இடம் கொடுத்ததை யாரும் தப்புச் சொல்லவில்லை.

ஒரே ஒரு சங்கடம். நார்பர்ட் அந்தக் கடைக்குப் போனதே இல்லை.

ஸ்டானெக்ஸை முதலில் உட்கார்த்தி வைத்தவர், அவருக்கு முன்னால் பட்டியல் எழுதிய மனிதர். அவர் ஓய்வு பெற்றுப் போனபோது மேசையோடும் நாற்காலியோடும் அந்த முதல் இடமும் நார்பர்டுக்கு வந்து சேர்ந்தது. முதல் வருடம் போக நேரமில்லை. இரண்டாவது வருடம், போகாமலே எழுதியதை நினைத்துப் போக வெட்கம். மூன்றாவது வருடத்துக்குள் கடையைப் பற்றி அவ்வளவு அழகாக எழுதியிருந்தார், நேரில் போய்க் கெடுத்துக்கொள்ள மனம் வரவில்லை. வருடா வருடம் வர்ணனை வளர்ந்தது. சுவரில் கடையை நிறுவிய கிழவரின் படம் மாட்டினார். அடுத்த வருடம் கிழவருக்கு ஒரு கண்ணைப் பிடுங்கினார். 'மிச்சமிருக்கும் ஒற்றைக் கண் உங்கள் தட்டையே பார்த்துக்கொண்டிருக்கும்' என்று எழுதியபோது அவருக்கே புல்லரித்தது.

வாசகர்கள் சும்மா இருந்திருந்தால் பயம் வந்திருக்கும். அவர்களோ பாராட்டிக் கடிதம் எழுதினார்கள். மீன் பிரமாதம், கிழவர் கம்பீரம், கிளம்பும்போது கையில் ஒரு பை கொடுத்து அனுப்பினார்கள் என்றெல்லாம். 'விருந்தினரை வெறுங்கையோடு அனுப்பாத பழம்பெரும் மரபு' என்று அதையும் சேர்த்துக்கொண்டார் நார்பர்ட்.

இப்படி நிம்மதியாக ஓடிக்கொண்டிருந்த பிழைப்பில் ஏப்ரல் மாதம் நியூயார்க்கிலிருந்து ஒரு கடிதம் வந்து விழுந்தது. பெரிய பத்திரிகை. அதன் ஆசிரியர் இங்க்ரிட் பாஷ் எழுதியிருந்தாள்: பெரிதுமில்லாத சிறிதுமில்லாத ஊர்களில் எங்கே சாப்பிடுவது என்று தனி இதழ் போடுகிறோம். மில்வாக்கிப் பகுதியை நீங்கள் எழுத வேண்டும். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை வருகிறேன், ஸ்டானெக்ஸுக்குக் கூட்டிப்போங்கள், அந்த ஒற்றைக்கண் கிழவரைப் பார்க்க வேண்டும்.

கிழக்குக் கரைப் பத்திரிகையில் தன் பெயர் வர வேண்டும் என்று இருபது வருடமாகக் காத்திருந்த மனிதர். கடிதத்தை மூன்று முறை படித்தார். மூன்றாவது முறை படிக்கும்போது, ஸ்டானெக்ஸ் எந்தத் தெருவில் இருக்கிறது என்று தனக்குத் தெரியாதது நினைவுக்கு வந்தது.

அந்த வாரமே, வெள்ளிக்கிழமை நாலரை மணிக்கு, தொப்பியைப் புருவம் வரை இழுத்துவிட்டுக்கொண்டு தன் பட்டியலையே கையில் வைத்து முகவரி தேடிப் போனார். அந்த முகவரியில் ஒரு கடை இருக்கத்தான் செய்தது. பலகையில் 'குபியாக் வாக்யூம் கிளீனர் விற்பனை, பழுதுபார்ப்பு' என்று எழுதியிருந்தது. கண்ணாடிக்குப் பின்னால் பதினைந்து இருபது வாக்யூம் கிளீனர்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி வரிசையாக நின்றன.

நார்பர்ட் பலகையையும் பட்டியலையும் மாறி மாறிப் பார்த்தார். திரும்பிவிடலாம் என்று நினைத்தபோது ஒரு கணவனும் மனைவியும் வந்து நின்றார்கள். கணவன் கையில் அதே பட்டியல், கத்தரித்து நாலாக மடித்தது.

"நீங்களும் ஸ்டானெக்ஸா சார்? நாங்க அயோவாவிலேருந்து வர்றோம். ஆறு மணி நேரம் ஓட்டிக்கிட்டு," என்றான்.

"இது வாக்யூம் கடையா இருக்கே," என்றார் நார்பர்ட்.

"எழுதினவருக்குத் தெரியாதா என்ன? உள்ள போய்த்தான் பாப்போமே," என்றாள் மனைவி.

எழுதினவர் தொப்பியை இன்னும் கொஞ்சம் இழுத்துவிட்டுக்கொண்டு பின்னாலேயே போனார்.

மணி அடித்ததும் உள்ளிருந்து ஐம்பத்தைந்து வயதுப் பெண்மணி ஒருத்தி ஏப்ரனில் கையைத் துடைத்தபடி வந்தாள். மூவரையும் பார்த்தாள். மடித்த காகிதத்தைப் பார்த்தாள். ஒரு சின்னப் பெருமூச்சு வந்தது, அதைச் சிரிப்பால் மூடினாள்.

"மீனுக்கா? வாங்க வாங்க. ஹோஸ் குழாய் தடுக்கும், பாத்து வாங்க. வெர்ன்! மூணு பேரு!"

பின்னறையில் நாலு மேசை. ஏற்கெனவே இரண்டு குடும்பங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தன. சுவரில் தாடிக்காரக் கிழவர் ஒருவரின் படம், ஒரு கண்ணில் கறுப்புப் பட்டையோடு. மிச்சமிருந்த கண் நார்பர்டையே பார்த்தது. அவருக்கு உடம்பு ஒரு முறை சிலிர்த்து அடங்கியது. தான் பெற்ற பிள்ளையைத் தெருவில் முதல் முறை பார்த்தவர் மாதிரி நின்றார்.

தட்டு வந்தது. பியரில் கரைத்த மாவில் முக்கிப் பொரித்த பெர்ச் மீன், உருளைக்கிழங்கு அடை, ஆப்பிள் மசியல், கோஸ் சாலட், ரை ரொட்டி இரண்டு துண்டு. முதல் வாய்க்கு அவர் கண்ணை மூட மறந்துபோனார். மீன் நன்றாக இருந்தது. எழுதியிருந்த அளவுக்கு இல்லை. அந்த அளவுக்கு எந்த மீனாலும் முடியாது.

அயோவாத் தம்பதி சாப்பிட்டு முடித்து, ஆளுக்கு ஒரு பாக்கெட் வாக்யூம் கிளீனர் தூசிப் பை வாங்கிக்கொண்டு கிளம்பினார்கள். நார்பர்டுக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை.

"அம்மா, கேக்கறேன்னு தப்பா நினைக்காதீங்க. ஸ்டானெக்ஸ் எங்க?"

"ஃப்ளோரிடாவுல," என்றாள் அந்தப் பெண்மணி, டார்லீன் குபியாக். "கிழவர் கடைய வித்துட்டுப் போய் ஆறு வருஷம் ஆச்சு. நாங்க வாக்யூம் கடைக்குன்னுதான் வாங்கினோம். குடிவந்த முதல் வெள்ளிக்கிழமை, மழை கொட்டுது, இண்டியானாவிலேருந்து ஒரு குடும்பம். ரெண்டு குழந்தைங்க. கையில அந்தப் பட்டியல். இல்லைன்னு எப்படிச் சொல்றது? நாங்களே அப்பதான் சாப்பிட உக்காந்தோம். எங்க தட்டைத் தூக்கிக் குடுத்துட்டேன்."

"அடுத்த வெள்ளிக்கிழமை?"

"ஆறு பேரு."

அடுப்படியிலிருந்து அவள் கணவர் வெர்னின் குரல் வந்தது. "அதுக்கடுத்த வெள்ளிக்கு பதினொண்ணு. மீனுக்குக் காசு வாங்கினா முனிசிபாலிடிக்காரன் ஓட்டல் லைசென்ஸ் கேப்பான். அதனால வாக்யூம் பை விக்கிறோம், மீன் இனாம். இந்த ஊர்லயே பை அதிகமா விக்கிற கடை நம்மதுதான்."

"அந்தப் படம்?"

"அது ஒரு கதை," என்றாள் டார்லீன். "வர்றவங்க எல்லாம் ஒத்தைக்கண் தாத்தா எங்க, ஒத்தைக்கண் தாத்தா எங்கன்னு கேட்டு, இல்லைன்னதும் மூஞ்சி தொங்கிப்போகுது. பாக்கப் பாவமா இருந்துச்சு. யாரோ வீட்டு வாசல்ல பழைய சாமான் விக்கையில ஒரு படம் வாங்கிட்டு வந்தேன். யாரோ பாதிரியார்னு நினைக்கிறேன். ரெண்டு கண்ணும் நல்லாத்தான் இருந்துச்சு. வெர்ன் வாக்யூம் கிளீனரோட ரப்பர் பெல்ட்டை வெட்டி ஒட்டிட்டாரு."

நார்பர்ட் வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு உணவுக்கடையைப் பற்றி உண்மையாகவே தெரிந்துகொள்ள ஆசைப்பட்டார். "பட்டியல்லேருந்து எடுக்கச் சொல்லலாமே?"

"சொல்லாம இருப்பேனா? அந்த ஆளுக்கு மூணு தடவை கார்டு போட்டேன்." டார்லீன் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். "எனக்கு வெள்ளிக்கிழமைன்னா பௌலிங் சார், பந்தை உருட்டிக் கட்டையைச் சாய்க்கிறதுன்னா உசுரு. பொண்ணுங்க நாலு பேர் அணி. நான் போகாததால ஜானிஸை வெச்சு ஆடுறாங்க. அவ உருட்டுற பந்து கட்டைப் பக்கமே போகாம நேரா ஓரக் காவாய்க்குத்தான் போகும். இந்த வருஷம் எப்படியோ இறுதிச்சுற்றுக்கு வந்துட்டாங்க. அடுத்த வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்கு. இருவத்திரெண்டு வருஷமா ஆடுறோம், இதான் முதல் தடவை. நான் இங்க மீன் பொரிச்சுக்கிட்டு இருப்பேன்."

அடுத்த வெள்ளிக்கிழமை ஐந்து மணி. நார்பர்டின் கையில் இருந்த ரொட்டி பாதியில் நின்றது.

அதோடு, அந்தக் கார்டுகளும் நினைவுக்கு வந்துவிட்டன. பூப்போட்ட மூன்று கார்டுகள். 'அன்புள்ள ஐயா, பட்டியல் அருமை. தங்களுக்குத் தொந்தரவில்லை என்றால், நேரம் கிடைக்கும்போது, அவசரமே இல்லை, எங்கள் இடத்தைப் பற்றிக் கொஞ்சம் யோசித்துப் பார்த்தால் நன்றியுள்ளவளாக இருப்பேன்.' அவர் யோசித்துத்தான் பார்த்தார். யோசித்து, கிழவரின் கண்ணைப் பிடுங்கினார். ஒரு கார்டைப் பாராட்டுக் கடிதம் என்று கட்டம் கட்டி வெளியிட்டும் இருந்தார். இந்த ஊரில் வீடு பற்றி எரிந்தாலும் தீயணைப்புக்காரனிடம் முதலில் அவன் அம்மா சௌக்கியமா என்றுதான் விசாரிப்பார்கள்.

பேசாமல் ஒரு பாக்கெட் பையை வாங்கிக்கொண்டு நடையைக் கட்டியிருக்கலாம். அடுத்த வாரம் இங்க்ரிட்டைக் கூட்டிவந்தால் டார்லீன் சிரித்துக்கொண்டே பொரித்துப் போடுவாள், கிழவர் சுவரில் இருப்பார், நியூயார்க்கில் பெயர் வரும். யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை. அவர் அதைத்தான் செய்ய நினைத்தார். ஆனால் ஒற்றைக்கண் பாதிரியார் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நார்பர்ட் தொப்பியைக் கழற்றினார். "அந்த ஆள் நான்தாம்மா."

 டார்லீன் அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஓ," என்றாள். "சரி. நல்லது."

வெளியூர்க்காரருக்கு இது ஒன்றுமில்லை. உள்ளூர்க்காரரான நார்பர்டுக்குக் காது வரை சிவந்துபோனது. இதைவிடக் கடுமையாக அவரை அந்த ஊரில் யாரும் திட்டியதில்லை.

"இந்த வருஷப் பட்டியல் அச்சாயிடுச்சு," என்றார். "வர்றவங்களை நிறுத்த முடியாது. அடுத்த வெள்ளிக்கிழமை நீங்க பௌலிங் போங்க. நான் வந்து பொரிக்கிறேன்."

"உங்களுக்குப் பொரிக்கத் தெரியுமா?" என்றார் வெர்ன், தலையை நீட்டி.

"ஒன்பது வருஷமா அதைப்பத்தி எழுதறேன்."

"அப்ப தெரியாது," என்றார் வெர்ன். "மூணு மணிக்கே வந்துடுங்க."

அடுத்த வெள்ளிக்கிழமை இங்க்ரிட் பாஷ் ஐந்து மணிக்கு உள்ளே நுழைந்தபோது பின்னறையில் பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். எட்டு மணிக்குத்தான் வருவேன் என்று அவள் தொலைபேசியில் சொன்னதும், எட்டு மணிக்கு இந்த ஊரில் பாத்திரம்கூடக் கழுவி முடிந்திருக்கும் என்று எடுத்துச் சொல்லி நார்பர்ட் அவளை ஐந்துக்கு இறக்கியிருந்தார். முதல் ஈடு மீன் கருகிச் சட்டியோடு ஒட்டிக்கொண்டது. இரண்டாவது ஈட்டில் மாவு ஒரு பக்கமும் மீன் ஒரு பக்கமும் பிரிந்து போயின. மூன்றாவது ஈடு, வெர்ன் கரண்டியைப் பிடுங்கிக்கொண்டதால், மீன் மாதிரி வந்தது.

மாவு படிந்த ஏப்ரனோடு ஒரு மனிதர் தட்டு கொண்டுவந்து வைத்ததும் இங்க்ரிட், "வைலாண்ட் சார் இன்னும் வரலையா?" என்றாள்.

"வந்துட்டேன்," என்றார் அவர். "இந்தக் கடைக்கு நான் வர்றது இது ரெண்டாவது தடவை."

நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னார். போகாமலே எழுதியது, ஃப்ளோரிடா போன ஸ்டானெக், மழையில் வந்த இண்டியானாக் குடும்பம், வாக்யூம் பெல்ட், மூன்று கார்டுகள், பௌலிங். சொல்லச் சொல்ல நியூயார்க் ஒவ்வொரு மைலாகத் தள்ளிப் போவது தெரிந்தது. இங்க்ரிட் மென்றுகொண்டே கேட்டாள். படத்தருகே போய்க் கண்பட்டையின் ஓரத்தை நகத்தால் தூக்கிப் பார்த்தாள். நல்ல கண் ஒன்று அவளைத் திரும்பிப் பார்த்தது. அவளுக்குச் சிரிப்பு அடங்க ஒரு நிமிடம் ஆனது.

அதற்குள் தொலைபேசி அடித்தது. வெர்ன் எடுத்து, "ம்... ம்..." என்று கேட்டுவிட்டு வைத்தார்.

"ஜெயிச்சாங்களா?" என்றார் நார்பர்ட். மொத்த அறையும் திரும்பிப் பார்த்தது.

"நாலு கட்டை வித்தியாசத்துல ஜெயிச்சுட்டாங்களாம். அழறா. அழுதுக்கிட்டே, வந்தவங்களுக்கு ரொட்டி பத்துச்சான்னு கேக்கறா. இனிமே எல்லா வெள்ளிக்கிழமையும் ஆடப்போறாளாம்." கொஞ்சம் யோசித்தார். "அடுத்த வாரமும் மூணு மணிதானே சார்? உங்களுக்குத் தொந்தரவில்லைன்னா."

நார்பர்டும் இந்த ஊரில் பிறந்தவர்தானே. "சேச்சே, தொந்தரவா? தாராளமா," என்றது அவர் வாய்.

இங்க்ரிட் வாக்யூம் பை பாக்கெட்டைக் கைப்பையில் திணித்துக்கொண்டாள். "எழுதறது நீங்கதான் சார். இப்ப சொன்னது மொத்தமும். வாக்யூம் கடை, கண்பட்டை, உங்க கருகின முதல் சட்டி வரைக்கும். ஸ்டானெக்ஸுக்கு முதல் இடம். அம்பது மாநிலத்திலயும் படிப்பாங்க."

அம்பது மாநிலம். நார்பர்டின் கண்முன் வாசலில் ஒரு வரிசை நின்றது. அயோவாவைத் தாண்டி, ஓஹையோவைத் தாண்டி நீண்டுகொண்டே போனது. ஒவ்வொருத்தர் கையிலும் நாலாக மடித்த காகிதம். இருபது வருடம் காத்திருந்தது இதற்குத்தானா? வேண்டாம், அந்தப் பெயரை எடுத்துவிடுங்கள் என்று கத்த வேண்டும்போல இருந்தது. தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"ரொம்ப சந்தோஷம்," என்று ஆரம்பித்தார். "உங்களுக்குத் தொந்தரவில்லைன்னா, நேரம் கிடைக்கும்போது, அவசரமே இல்ல... இந்த இடத்தைப்பத்தி மட்டும் கொஞ்சம் யோசிச்சுப் பார்த்தீங்கன்னா..."

"அட, நன்றியெல்லாம் எதுக்கு சார்," என்று இங்க்ரிட் அவர் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு, ஹோஸ் தடுக்காமல் பார்த்து நடந்து வெளியே போனாள்.