முதல் சுற்று

தயாளனின் இரங்கல் கூட்டத்தில்தான் மதுமதிக்கே தெரியவந்தது, கணவருடைய ஜெட் ஸ்கியை, அந்தத் தண்ணீர் ஸ்கூட்டரை, தான் கழகத்துக்குத் தானமாகக் கொடுக்கப்போகிறோம் என்று. நீர் விளையாட்டுக் கழகத் தலைவர் சபாநாதன் மைக்கில் அறிவித்துவிட்டார். மயிலாப்பூர் சபையில் மைக்கில் சொன்னதை மறுப்பது துக்கவீட்டில் சிரிப்பதைவிடப் பெரிய குற்றம். கூட்டம் கைதட்டியது, இரங்கல் கூட்டம் என்பது நினைவுக்கு வந்து பாதியில் நிறுத்திக்கொண்டது.

மதுமதி ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். சீசன் தொடக்க நாளில் முதல் சுற்றைத் தானே ஓட்ட வேண்டும். தயாளன் இருந்தவரை கழக உறுப்பினர்கள், அவர்களின் சம்பந்திகள், ஒருமுறை வங்கி மேலாளர் என்று எல்லோரையும் பின்னால் வைத்துச் சுற்றியிருக்கிறார். அவள் கேட்டால், "உனக்கு ஒத்துக்காது மது" என்பார். எது ஒத்துக்காது, தண்ணீரா, வேகமா, அவரா என்று கடைசிவரை சொல்லவில்லை.

"தாராளமா, சிஸ்டர்," என்றார் சபாநாதன்.

மழை ஓய்ந்ததும் அடையாறு ஃபிளாட்டின் கார் நிறுத்துமிடத்தில் ஜெட் ஸ்கியை மூடியிருந்த தார்ப்பாயை விலக்கினார்கள். படகு எஞ்சின் பார்க்கும் நொச்சிக்குப்பம் ஜான்சன் சீட்டைத் தூக்கினான்.

"யக்கா, சாரோட துண்டு காணோம்னு தேடினியா? எலிக் குடும்பமே அதுல படுத்துகினு கீது."

கந்தலாகிப் போன துண்டை வாங்கிக்கொண்டாள். அதில் அவர் வாசனை இல்லை, எலியின் வாசனைதான் இருந்தது. இருந்தும் உடனே குப்பையில் போட மனம் வரவில்லை.

ஜான்சன் பேட்டரியும் பிளக்கும் மாற்றினான். வண்டிக்கு அடியில் கம்பி போட்ட வாய் ஒன்றைக் காட்டினான். "இங்க தண்ணிய இஸ்து பின்னால பீச்சும். அதான் ஓட்டமே." மதுமதி குழாயைப் பிடித்து உப்பைக் கழுவினாள், கை நுழையாத இடங்களைப் பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்தாள். அவர் போன பிறகு அவள் காலையில் விரும்பி எழுந்தது இந்த வேலைக்குத்தான்.

"பின்னாடி ஒக்காரப் போறியா, ஓட்டப் போறியா?"

"ஓட்டத்தான்."

"சார் பாத்திருந்தா இன்னொருதபா போயிருப்பாரு."

சிரித்துவிட்டாள். அப்புறம் மாடியில் யாராவது பார்த்தார்களா என்று நிமிர்ந்து பார்த்தாள்.

தொடக்க நாளன்று, சபாநாதன் கேட்டபடி மாட வீதியிலிருந்து ஆளுயரச் சம்பங்கி மாலை வாங்கி வந்திருந்தாள். முட்டுக்காட்டு உப்பங்கழிக் கரையில் தயாளனின் படத்தைக் கைப்பிடியில் கட்டி, மாலையை இரண்டு பக்கமும் தொங்கவிட்டார்கள். எலுமிச்சம்பழம் வைக்க வண்டியில் சக்கரத்தைத் தேடிய ஜான்சன், கடைசியில் அதை ஏற்றிவந்த டிரெய்லரின் சக்கரத்துக்கு அடியில் வைத்தான். பூசை முடிந்தது. மாலையைக் கழற்ற யாருக்கும் கை வரவில்லை. இறந்தவர் படத்து மாலை அல்லவா?

மதுமதி லைஃப் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு நின்றாள். சபாநாதனும் ஒன்றை மாட்டிக்கொண்டு வந்தார்.

"முதல் சுற்று தலைவருக்குங்கிறது நம்ம மரபு, சிஸ்டர். நீங்க ரெண்டாவது. தயாளன் ஆன்மாவும் அதத்தான் விரும்பும்."

கழகத்துக்கு வயது நாலு. மரபுக்கு அது போதும். மைக் பக்கத்திலேயே இருந்தது. மதுமதி ஒதுங்கி வழிவிட்டாள்.

சபாநாதன் ஒரு கையால் ஓட்டி, மறு கையால் மக்களை வாழ்த்தியபடி நடுக்கழிக்குப் போனார். மாலையின் நுனி தண்ணீரில் இழுபட்டது. அடியிலிருந்த வாய் அதைக் கவ்வி உள்ளே இழுத்தது. வண்டி ஒரு இருமலோடு நின்றுபோனது. தலைவர் நிற்கவில்லை, தலைகுப்புற விழுந்தார். ஜாக்கெட் அவரைத் தக்கையாக மிதக்கவிட்டும், "காப்பாத்துங்க!" என்று அலறினார். மரபில் அதுவும் உண்டுபோல.

மீன்படகில் போய் அவரைக் கரை சேர்த்த ஜான்சன், மறுபடி போய் முழுகி, ஒரு கை வாழைநாரோடு திரும்பினான். "வேலைக்காவாதுக்கா. நாரு உள்ள சுத்திகினு கீது. பம்பையே கழட்டணும்."

"அப்புறம் ஓடுமில்ல?"

"ஓடும். ஆனா இனிமே நீ கழகத்தாண்டதான் கேக்கணும். இன்னியோட வண்டி அவுங்க்து."

கயிறு கட்டி இழுக்கும்போது கைப்பிடியை நேராகப் பிடிக்க யாராவது வண்டியில் உட்கார வேண்டும். சபாநாதன் துண்டைப் போர்த்திக்கொண்டு தும்மினார். மதுமதி மீன்படகில் போய் ஜெட் ஸ்கியில் ஏறி உட்கார்ந்தாள்.

"கொஞ்சம் வேகமா இழுக்கக் கூடாதா, ஜான்சன்?"

"வேகமா இஸ்தா எஞ்சின்ல தண்ணி ஏறிடும்க்கா."

கரையில் சுண்டல் விற்றுக்கொண்டு போன பெண் அவளை முந்திப் போனாள். படத்தின் நனைந்த கண்ணாடிக்குள் தயாளன் எதிரே சிரித்துக்கொண்டிருந்தார். மைக் கரகரத்தது: "தயாளன் அவர்களின் துணைவியார், இதோ, அவர் கனவின் மீதேறிப் பறந்து வருகிறார்!"

இந்த முறை கைதட்டல் பாதியில் நிற்கவில்லை. மதுமதி கைப்பிடியை நேராகப் பிடித்துக்கொண்டாள்.