சந்துக்கு இந்தப் பக்கம்

வீடு பார்க்கும்போதே தம்பியிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். "உன் வீட்டோட வந்து இருக்க மாட்டேன். பக்கத்துல இருக்கேன். பக்கத்துலன்னா, கூப்பிட்டா கேக்கற தூரம். கூப்பிடாம வந்து நிக்கற தூரம் இல்ல."

"அப்படி ஒரு தூரத்தை எந்த புரோக்கர்கிட்ட போய்க் கேக்கறது அக்கா?" என்றான்.

ஆனாலும் தேடிப் பிடித்துவிட்டான். அவன் வீட்டுக் கொல்லைக்குப் பின்னால் ஒரு சந்து. ஒரு சைக்கிளும் ஒரு ஆளும் ஒதுங்கிப் போகலாம், அவ்வளவுதான். சந்தின் மறுபக்கத்தில் ஒரு மாடி வீடு. நீளமாக ஒரு கூடம், ஒரு படுக்கையறை, ஒருவர் உள்ளே நின்றால் இன்னொருவர் வாசலிலேயே நிற்க வேண்டிய சமையலறை, அதை ஒட்டி ஒரு பால்கனி. பால்கனியில் நின்றால் தம்பி வீட்டுத் துணிக்கொடி தெரியும்.

தம்பி பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறான். அவன் மனைவி ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ரத்தம் எடுக்கிறவள். விடிவதற்குள் கிளம்பிப்போய் மதியம் திரும்புவாள். ஒன்பது வயதில் ஒரு மகள், எல்லோருக்கும் அவள் வாண்டு.

நான் முப்பத்தோரு வருஷம் வெளியூர் ரயில் நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்தவள். எந்த வண்டி எந்த நடைமேடைக்கு வரும், எவ்வளவு தாமதம் என்று மைக்கில் சொல்கிற வேலை. என் குரலைக் கேட்டு எத்தனையோ பேர் பெட்டியும் படுக்கையுமாக ஓடியிருக்கிறார்கள். அந்த ஊரில் என் முகம் தெரிந்தவர்களை எண்ண ஒரு கை விரல்கள் போதும். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதற்குப் பெரிய கதை ஒன்றும் கிடையாது. வந்தவர்களை எனக்குப் பிடிக்கவில்லை, பிடித்தவர்கள் வரவில்லை. ஓய்வு பெற்ற பிறகு தம்பி இரண்டு வருஷம் விடாமல் கூப்பிட்டான். அதற்குப் பிறகுதான் பெட்டி கட்டினேன்.

கிளம்பும்போது கூட வேலை செய்தவள் ஒருத்தி காதில் ஓதி அனுப்பினாள். "கிட்ட உறவு முட்டப் பகை. நாத்தனார்ங்கறவ தூரத்துல இருக்கறவரைக்கும்தான் மரியாதை. பாத்துக்கோ."

அது மனதில் முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்ததால், சாமான் இறக்கிய அன்றே தம்பி மனைவியை உட்காரவைத்து என் சட்டதிட்டங்களைச் சொன்னேன். எனக்கு நான் சமைத்துக்கொள்வேன். ஞாயிற்றுக்கிழமை மதியம் மட்டும் அவர்கள் வீட்டில் சாப்பாடு. வருவதானால் இரண்டு பக்கமும் போன் செய்துவிட்டு வர வேண்டும். அவள் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிவிட்டு, "சரிங்க அண்ணி" என்றாள். முகத்தில் நிம்மதியா வருத்தமா என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

வாக்குத் தவறாதவள் அவள். ஒரு மாதம் அப்படியே நடந்தது. சந்தைத் தாண்டி எட்டு அடி வைத்தால் என் மாடிப்படி வந்துவிடும். அந்த எட்டு அடிக்கும் போன் வரும். "அண்ணி, கொஞ்சம் கறிவேப்பிலை இருக்கு. கொண்டு வரலாமா? தூங்கறீங்களா?"

"வா" என்பேன். வாசலில் நின்று கொடுத்துவிட்டுப் போய்விடுவாள். உட்காரு என்று சொல்ல எனக்கும் வாய் வராது. அதுவும் சட்டத்தில் இல்லையே!

வீடு மட்டும் மெல்ல மெல்ல எனக்குப் பழகியது. காலை வெயில் முதலில் சமையலறைக் குழாயில்தான் விழும் என்று தெரிந்துகொண்டேன். ஒரு நாற்காலியை மூன்று இடத்தில் போட்டுப் பார்த்து, நாலாவது இடத்தில் காற்று நேராக முகத்துக்கு வருவதைக் கண்டுபிடித்தபோது புதையல் கிடைத்த மாதிரி இருந்தது. காய்கறிக்கடைக்காரர் இரண்டாம் நாளே, "வேன்காரர் அக்காவா நீங்க? ஜாடை அப்படியே இருக்கே!" என்று கேட்டு, கேட்காமலே ஒரு பிடி கொத்தமல்லியைப் பையில் திணித்தார். முப்பத்தோரு வருஷம் வேலை பார்த்த ஊரில் என்னை இன்னாரின் அக்கா என்று யாரும் சொன்னதில்லை. கத்தரிக்காய் வாங்கப் போனவள், அந்தச் சொல்லையும் சேர்த்து வீட்டுக்குக் கொண்டு வந்தேன்.

தம்பி வீட்டின் நேர அட்டவணை எனக்கு மனப்பாடம் ஆனது. தொழில் புத்தி, போகுமா? ஐந்தேகாலுக்கு அவள் செருப்புச் சத்தம். ஆறே முக்காலுக்கு வேன் இரண்டு தரம் இருமிவிட்டு மூன்றாம் தரம் கிளம்பும். ஒன்றேகாலுக்கு குக்கர் விசில். சாயங்காலம் வாண்டு ஏழாம் வாய்ப்பாட்டை உரக்கச் சொல்லுவாள். "ஏழெட்டு ஐம்பத்து நாலு" என்று தினமும் அதே இடத்தில் தடம் புரளுவாள். ஐம்பத்தாறு, ஐம்பத்தாறு என்று பால்கனியில் நின்று வாய்க்குள்ளே சொல்லிக்கொள்வேன். குரல் கொடுத்துத் திருத்த மாட்டேன். கௌரவம்!

அப்போதுதான் அது நடந்தது.

பால்கனிக் கதவின் உள்பக்கத்தில் ஒரு பழைய இரும்புக் கொண்டி உண்டு. தூக்கி நிறுத்தினால் நிற்கும். கதவு வேகமாக அடித்துச் சாத்தினால் தானாகவே விழுந்து மாட்டிக்கொள்ளும். குடிவந்த அன்றே தம்பி பார்த்துவிட்டு, "இதை மாத்திடறேன் அக்கா" என்றான். "நானே ஆள் வெச்சுப் பாத்துக்கறேன்" என்று நான்தான் தடுத்தேன்.

ஒரு வியாழக்கிழமை, மணி ஒன்றரை இருக்கும். பாலைச் சிறு தீயில் வைத்துவிட்டு, இரண்டு துண்டைக் காயப்போடப் பால்கனிக்குப் போனேன். காற்று ஒரு வீசு வீசியது. கதவு படாரென்று சாத்திக்கொண்டது. உள்ளே கொண்டி விழுந்த சத்தம் தெளிவாகக் கேட்டது.

தள்ளினேன், இழுத்தேன், தோளால் இடித்தேன். அசையவில்லை. போன் உள்ளே. வாசல் கதவும் உள்ளே பூட்டியிருக்கிறது. கீழ்வீட்டுக்காரர்கள் ஊருக்குப் போய்விட்டார்கள். சமையலறை ஜன்னல் கம்பி வழியாகப் பார்த்தால் பால் பாத்திரம் தெரிகிறது. பால் மெல்ல மேலேறுகிறது.

கத்தினால் தீர்ந்தது. சந்துக்கு அந்தப் பக்கம் தம்பி மனைவி வேலை முடிந்து வந்திருக்கும் நேரம். ஆனால் எனக்குக் கத்தத் தெரியாது. வாழ்நாள் முழுக்க மைக் இருந்தது, குரலை உயர்த்தவே தேவைப்படவில்லை. "ஏம்மா..." என்றேன். எனக்கே கேட்கவில்லை. கீழே சைக்கிளில் ஒருவர் காதில் ஒயரை மாட்டிக்கொண்டு பாட்டோடு போனார். கையை ஆட்டினேன். துணி உதறுகிறேன் என்று நினைத்திருப்பார். வெட்கம் ஒரு பக்கம், பால் ஒரு பக்கம். ஒரு கால் மணி நேரம் அப்படியே போயிற்று. பால் வற்றி, பாத்திரத்தின் விளிம்பு பழுப்பாகத் தொடங்கியது.

எனக்குத் தெரிந்த ஒரே வழியில் செய்தேன். நிமிர்ந்து நின்று, மூச்சை வயிற்றிலிருந்து இழுத்து, நிலையத்தில் பேசுகிற குரலில் பேசினேன். "கனிவான கவனத்திற்கு. மாடியில் குடியிருக்கும் அத்தை பால்கனியில் மாட்டிக்கொண்டிருக்கிறார். அடுப்பில் பால் இருக்கிறது. தங்கள் சிரமத்திற்கு வருந்துகிறேன்."

மைக் இல்லாமலே அந்தக் குரல் சந்து முழுக்கப் போய் எதிரொலித்தது. எனக்கே ஆச்சரியம். மறுபடி ஒருமுறை சொல்ல வாயெடுப்பதற்குள் அந்தப் பக்கக் கொல்லைக் கதவு திறந்தது. பரீட்சை என்பதால் அரைநாளில் வந்துவிட்ட வாண்டு எட்டிப் பார்த்து வீட்டுக்குள் கத்தினாள். "அம்மா! அத்தை ரயில் விடறாங்க!"

தம்பி மனைவி ஈரத் தலையில் துண்டைச் சுற்றியபடி, நைட்டியோடு ஓடி வந்தாள். அண்ணாந்து பார்த்ததும் அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது. நாலாவது வீட்டில் சுவருக்கு வண்ணம் அடித்துக்கொண்டிருந்த பெயின்டரிடம் ஓடினாள். அடுத்த நிமிஷம் அவரும் ஒரு ஏணியுமாக சந்துக்குள் வந்து சேர்ந்தார்கள்.

ஏணியைச் சாத்தியதுதான் தாமதம், "பிடிச்சுக்கங்க" என்று பெயின்டரிடம் சொல்லிவிட்டு அவளே ஏறத் தொடங்கினாள்.

"ஏம்மா, நான் ஏறுறேன்மா! நீங்க போய் என்ன பண்ணப் போறீங்க?" என்று அவர் கீழேயிருந்து கத்தினார்.

அவள் காதில் விழவில்லை. "அண்ணி, பயப்படாதீங்க, வந்துட்டேன், பயப்படாதீங்க" என்று சொல்லிக்கொண்டே ஏறினாள். கைப்பிடிச் சுவரைத் தாண்டி உள்ளே குதித்து, என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். ரத்தம் எடுக்கிற பழக்கமோ என்னவோ, பிடித்த வேகத்தில் விரல் நாடியில் போய் நின்றது.

பிறகு கதவைப் பார்த்தாள். தள்ளினாள். இழுத்தாள்.

"உள்பக்கம் மாட்டியிருக்கு" என்றேன்.

"அப்ப?"

"அப்ப இப்ப ரெண்டு பேரும் மாட்டிக்கிட்டோம்."

ஒரு கணம் என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். யார் முதலில் சிரித்தோம் என்று தெரியாது. அவள் தரையிலேயே உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கீழே பெயின்டர், "சிரிக்கறீங்களா அழறீங்களா? எதுனாலும் தள்ளி நின்னு செய்ங்க, நான் வரணும்" என்றார்.

அவர் ஏறி வந்து, சுவருக்குப் பட்டி பூசுகிற தகட்டைக் கதவிடுக்கில் விட்டு மேலே ஒரு நெம்பு நெம்பினார். கொண்டி சொன்னபடி கேட்டது. அடுப்பை அணைத்தோம். பாத்திரம் கரியாகிவிட்டது, வீடெல்லாம் தீய்ந்த வாடை. "பால் போனா போகுது, ஆள் முழுசா இருக்கீங்கல்ல" என்று சொல்லிவிட்டு அவர் ஏணியைத் தூக்கிக்கொண்டு போனார்.

அவள் போகவில்லை. அடிப்பிடித்த பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி ஊறவைத்தாள். என்னை நாலாவது இடத்து நாற்காலியில் உட்காரவைத்தாள். எனக்கு அப்போது, யாரிடமும் சொல்லாத ஒன்று வாயில் வந்துவிட்டது.

"அங்க ஒரு தடவை எனக்கு நாலு நாள் காய்ச்சல். தொண்டை கட்டி, குரலே இல்ல. தண்ணி குடிக்க எழுந்திரிக்க முடியல. அஞ்சாம் நாள் யாரோ கதவைத் தட்டினாங்க. ஆபீஸ்லேர்ந்து என்னைப் பாக்க ஆள் அனுப்பியிருக்காங்கன்னு எனக்கு அவ்வளவு சந்தோஷம். திறந்தா, 'பீரோ சாவி உங்ககிட்ட இருக்காம், வாங்கிட்டு வரச் சொன்னாங்க'ன்னு நிக்கறான்."

அவள் சிரிக்கவில்லை. "ஏன் அண்ணி எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லல?"

"தொந்தரவு பண்ணக் கூடாதுன்னு..."

"எனக்கும் இங்க வர்றதுக்கு அப்படித்தான் இருக்கும். நீங்க போன் பண்ணிட்டு வான்னு சொன்னீங்களா, நான் வர்றது உங்களுக்குப் பிடிக்கலையோன்னு. தினமும் கறிவேப்பிலையைக் கையில வெச்சுக்கிட்டு போன் பண்ணலாமா வேணாமான்னு யோசிப்பேன்."

எங்கள் வீட்டுக்கு வந்து பதினோரு வருஷமான பெண், கறிவேப்பிலைக் கொத்தோடு தயங்கி நின்றிருக்கிறாள். அந்தத் தயக்கத்தை உண்டாக்கியவள் நான். "இனிமே போன் பண்ணாதேம்மா. சும்மா வா" என்று மட்டும் சொன்னேன். அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "சரிங்க அண்ணி" என்றாள். இந்தத் தடவை அவள் முகத்தைப் படிக்க எனக்கு ஒரு சிரமமும் இருக்கவில்லை.

சாயங்காலம் வேனை நிறுத்திவிட்டு, தம்பி திருப்புளியோடு படியேறி வந்தான். என்னைக் கேட்கவே இல்லை. நேரே போய்க் கொண்டியைக் கழற்றத் தொடங்கினான். முதுகைக் காட்டிக்கொண்டே திட்டினான். "எந்த வண்டி எங்க நிக்குதுன்னு ஊருக்கெல்லாம் சொன்னே. நீ பால்கனியில நிக்கறேன்னு எங்களுக்குச் சொல்ல உனக்குக் கால் மணி நேரமா?" கழற்றிய திருகாணிகளை வாங்கிக்கொள்ள நான் கையை நீட்டினேன். உள்ளங்கையில் ஒவ்வொன்றாகப் போட்டான்.

வாசல் கதவின் இன்னொரு சாவி அன்றே சந்தைத் தாண்டிப் போய், அவர்கள் வீட்டு வேன் சாவி மாட்டும் ஆணியில் தொங்கியது.

அதன் பிறகு என் சட்டதிட்டங்களை யாரும் ரத்து செய்யவில்லை, அவையாகவே காணாமல் போய்விட்டன. வாண்டு என் கூடத்தில் குப்புறப் படுத்து வீட்டுப்பாடம் எழுதுகிறாள். தம்பி வழியில் போகிறபோது, "அக்கா, டீ" என்று கீழேயிருந்தே குரல் கொடுக்கிறான். பால் இரண்டு பங்கு வாங்குகிறேன். நாத்தனார் பேச்சும் வராமல் இல்லை. குக்கரை யார் தேய்த்தது சரியில்லை என்று போன வாரம் ஒரு நாள் முழுக்க நானும் அவளும் முகம் கொடுத்துப் பேசவில்லை. மறுநாள் அவளே சாவி போட்டுத் திறந்து வந்து, "இன்னும் கோவமா?" என்றாள். எதற்கு என்று எனக்கு மறந்துவிட்டிருந்தது.

நேற்று சனிக்கிழமை மதியம் காய் வாங்கிக்கொண்டு வந்தால் வாசலில் அவள் செருப்பு. உள்ளே போனால், கூடத்துச் சோபாவில், வேலைக்குப் போன உடுப்போடு, ஒரு கையைத் தலைக்கு வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். அவர்கள் வீட்டில் மோட்டார் பழுது பார்க்கிற ஆட்கள் வந்து தரையை உடைத்துக்கொண்டிருந்தார்கள், அந்தச் சத்தம் இங்கே மெலிதாகக் கேட்டது. காலையில் நாற்பது பேருக்கு ஊசி குத்திய களைப்பு.

பையை ஓசைப்படாமல் தரையில் வைத்தேன். மின்விசிறியை ஒரு புள்ளி கூட்டினேன். என் போனின் சத்தத்தை அணைத்தேன். இத்தனை வருஷத்தில் நான் இருந்த எந்த வீட்டிலும் இன்னொருவர் இப்படி அயர்ந்து தூங்கியதில்லை. அந்த மூச்சுச் சத்தம் ஏறி இறங்குவதைக் கேட்டுக்கொண்டு, பீன்ஸ் காம்பைக் கூட முறிக்காமல், கையில் வைத்தபடி உட்கார்ந்திருந்தேன். மனசு நிறைந்து கிடந்தது. யாருக்கு நன்றி சொல்வது என்று தெரியாமல், எல்லோருக்கும் சேர்த்துச் சொல்லிக்கொண்டேன்.

படியில் தடதடவென்று வாண்டு ஏறி வரும் சத்தம் கேட்டது. ஓடிப்போய், உதட்டில் விரல் வைத்துக் கதவைத் திறந்தேன்.

"ஏன் அத்தை?" என்று கிசுகிசுத்தாள்.

"உங்கம்மா தூங்கறா. வா, பால்கனியில உக்காந்து பீன்ஸ் காம்பு கிள்ளலாம்."