ஒடியும் வாய்ப்பு அதிகமுள்ளவருக்கே கீழ் அறை

நான் இங்கே சொல்லப்போவதில் ஒரு சொல் பொய்யாக இருந்தாலும் என் பற்கள் இன்றைக்கே கொட்டிவிடட்டும். இரவில் டம்ளரில் ஊறும் பல்செட்டைச் சொல்லவில்லை. வாயை விட்டுப் போக மனமில்லாமல் ஒட்டிக்கொண்டிருக்கும் சொந்தப் பற்களைப் பணயம் வைக்கிறேன். கண்ணால் கண்டதற்கு மேல் கடுகளவும் சேர்க்கவில்லை.

வீட்டில் நாங்கள் மூன்று கிழங்கள். என் அக்கா, அக்கா மகளின் மாமியாரான சம்பந்தியம்மா, நான். வீடு அக்கா மகளின் கணவர், அதாவது எங்கள் மாப்பிள்ளை கட்டியது. பெண்கள் இருவருக்கும் மாடியில் ஆளுக்கொரு அறை. எனக்குக் கீழ் அறை. அந்தக் கீழ் அறையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அடுப்பில் எது வெந்தாலும் வாசனை முதலில் வந்து சேரும் இடம் அது. கழிப்பறை கைக்கெட்டும் தூரம். ஜன்னலைத் திறந்தால் தெருச் சண்டை எதுவாக இருந்தாலும் முதல் வரிசையில் உட்கார்ந்து பார்க்கலாம். படி ஏறும் வேலை கிடையாது. அந்த அறையின் மேல் இரண்டு பெண்களுக்கும் கண் என்பது எனக்குத் தெரியும். தெரியாதது போல் இருப்பதில்தான் என் திறமை இருந்தது.

மாப்பிள்ளைக்கு இன்ஷூரன்ஸ் கம்பெனியில் உத்தியோகம். எந்தக் கட்டடம் தீப்பிடிக்கும், எந்த லாரி கவிழும் என்று முன்கூட்டியே சதவீதம் போட்டுச் சொல்வார். மழைக்கு நாற்பது சதவீத வாய்ப்பு என்று ரேடியோவில் கேட்டால் குடையைப் பாதி விரித்துக்கொண்டு நடப்பார். அப்படிப்பட்டவர் காதில், பின்தெருவில் ஒரு வயதான அம்மாள் பலமாகத் தும்மியதில் இடுப்பெலும்பு முறிந்துவிட்டது என்ற செய்தி விழுந்தது. அன்றைக்கே சாப்பாட்டு மேசையில் தீர்ப்புச் சொன்னார்.

"பொம்பளைங்களுக்கு வயசானா எலும்பு உள்ளுக்குள்ளயே கரைஞ்சு போகுதாம். டாக்டர்கிட்ட அதுக்கு ஒரு கணக்கு இருக்கு. அடுத்த பத்து வருஷத்துல முறியறதுக்கு எத்தனை சதவீதம் வாய்ப்புன்னு சொல்லிடும். அம்மாவும் அத்தையும் போய்ப் பாருங்க. யாருக்கு ஜாஸ்தி வருதோ அவங்களுக்குக் கீழ் ரூம்."

"அப்ப நான்?" என்றேன்.

"நீங்க மாடிக்குப் போங்க மாமா. உங்க எலும்பு அப்படியே புதுசாத்தான் இருக்கும். எப்ப உபயோகிச்சீங்க?"

அதுவரை யார் அதிகத் திடகாத்திரம் என்பதில்தான் இரண்டு பெண்களுக்கும் போட்டி. அன்று மாலையோடு அது தலைகீழானது. அக்கா, சுவரைப் பிடித்துக்கொண்டு, தன்னைத் தானே ஒரு கண்ணாடிச் சாமான் போலப் பாவித்து, பக்கவாட்டில் படியிறங்கினாள். சம்பந்தியம்மா குழம்புக் கரண்டி கனக்கிறது என்று வேறொருவரைத் தூக்கச் சொன்னாள். இதற்குள் அக்கா மகள் டாக்டர் கேட்கும் கேள்விகளையெல்லாம் போனில் தேடி எடுத்துவிட்டாள். எதற்கு ஆமாம் சொன்னால் சதவீதம் ஏறும் என்று இரண்டு பேரும் பரீட்சைக்குப் படிப்பது போல் உருப்போட்டார்கள்.

நான் என்னால் ஆனதைச் செய்து பார்த்தேன். "உனக்கென்னக்கா, இரும்பு மாதிரி இருக்க. உன்னைப் பார்த்தா யாரு வயசானவன்னு சொல்லுவாங்க?"

"வாயை மூடுறா," என்றாள் அக்கா. எழுபது வருடமாக இந்தப் பாராட்டுக்கு ஏங்கியவள் அவள்.

டாக்டர் ஒரு சின்ன வயசுப் பெண். அவர் முன்னால் கணினி, கணினிக்கு முன்னால் நாற்காலியில் இரண்டு போட்டியாளர்கள், பின்னால் நடுவர் போல மாப்பிள்ளை, கதவோரம் துணைக்கு வந்த நான்.

"வயசு?"

அக்கா நெடுங்காலமாக அறுபத்தொன்பதிலேயே நின்றுகொண்டிருந்தாள். "எண்பத்திரெண்டு," என்றாள், கண் சிமிட்டாமல்.

"எண்பத்தஞ்சு," என்றாள் சம்பந்தியம்மா.

"அம்மா, உங்க மூத்த அண்ணனுக்கே எண்பதுதானே?" என்றார் மாப்பிள்ளை.

"அவன் எப்பவும் வயசைக் குறைச்சுத்தான் சொல்லுவான்."

"உங்க அம்மா, அப்பா யாருக்காவது இடுப்பெலும்பு முறிஞ்சிருக்கா?" என்றார் டாக்டர்.

"எங்கம்மாவுக்கு முறிஞ்சுது," என்றாள் அக்கா. அவள் அம்மாதான் எனக்கும் அம்மா. கடைசிவரை பக்கத்து வீட்டுச் சுவரேறிக் குதித்துச் சண்டை போட்டவள்.

"எப்பக்கா?"

"நீ அப்ப தூங்கிட்டிருந்த."

சம்பந்தியம்மா முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். "எங்க வீட்டுல அம்மா அப்பா ரெண்டு பேருக்கும். ஒரே நாள்ல. அம்மா விழுந்தாங்க, தூக்கப் போன அப்பாவும் விழுந்துட்டார்."

"புகை பிடிக்கிற பழக்கம்?"

தெருக்கோடியில் எவனாவது பீடி பற்றவைத்தால் இங்கே மூக்கைப் பொத்திக்கொள்ளும் பெண்கள் இருவரும். "உண்டு," என்றாள் அக்கா.

"நிறைய," என்றாள் சம்பந்தியம்மா.

மாப்பிள்ளையின் கையிலிருந்து போன் நழுவியது. "எப்பம்மா பிடிக்கிறீங்க?"

"நீ ஆபீஸ் போனப்புறம்."

"அதுவும் என்கிட்ட கடன் வாங்கித்தான் பிடிப்பாங்க," என்றாள் அக்கா.

"மது?"

"மருந்து மாதிரி கொஞ்சமா," என்று அக்கா அடக்கத்தோடு சொன்னாள்.

"நான் மருந்தே எடுத்துக்கறதில்ல. நேரா அதுதான்," என்றாள் சம்பந்தியம்மா.

"ஸ்டீராய்டு மாத்திரை ஏதாவது சாப்பிட்டிருக்கீங்களா?"

இதற்கு மட்டும் இரண்டு பேரும் ஒற்றுமையாக இல்லை என்று தலையை ஆட்டினார்கள். "ச்சே, அதெல்லாம் பயில்வானுங்க சாப்பிடறது," என்றாள் சம்பந்தியம்மா. எவ்வளவு சதவீதம் போனாலும் மானம் என்று ஒன்று இருக்கிறதே.

டாக்டர் எல்லாவற்றையும் தட்டினார். கணினி முனகியது. மேலே ஓடிக்கொண்டிருந்த மின்விசிறி மெதுவாகி நின்றது. திரையில் வந்த எண்ணைப் பார்த்து நர்ஸ் ஒருமுறை தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள். இரண்டு பேருக்கும் நூற்றுப்பதினாலு சதவீதம்.

"நூறுக்கு மேலயா?" என்றார் மாப்பிள்ளை. அவர் உத்தியோகத்தில் எரிந்துகொண்டிருந்த கட்டடத்துக்குக்கூட அப்படி வந்ததில்லை.

"இவங்க சொன்னதெல்லாம் நிஜம்னா, ரெண்டு பேரும் போன வருஷமே உதிர்ந்திருக்கணும்," என்றார் டாக்டர். அவர் சிரிக்கவில்லை, அதற்குத் தனியாகப் படித்திருப்பார் போல. "வாய் சொன்னது போதும். இனி உடம்பு சொல்லட்டும். முதுகெலும்பு நசுங்கினா உயரம் குறையும். இப்படி வந்து நில்லுங்க."

சுவரோரம் உயரம் பார்க்கும் கம்பி இருந்தது. அக்கா நின்றாள். சின்ன வயதில் எவ்வளவு இருந்தாளோ ஏறக்குறைய அவ்வளவே இருந்தாள். இவ்வளவு முயன்றும் உடம்பு காட்டிக்கொடுத்துவிட்டதே என்று முகம் தொங்கிப்போயிற்று.

அடுத்து சம்பந்தியம்மா. தன் கல்யாணத்தன்று கணவரை விட உயரமாக நின்றதால் புகைப்படக்காரர் தன்னை உட்காரவைத்ததாக அவள் சொல்லாத நாள் இல்லை. கம்பி அந்த உயரத்தில் உள்ளங்கை அகலத்துக்குக் குறைத்துச் சொன்னது. டாக்டர் செருப்பைக் கழற்றச் சொல்லி மறுபடி பார்த்தார். மறுபடியும் அதே.

"உங்க கம்பி கோணல்," என்றாள் சம்பந்தியம்மா.

அக்காவுக்கு வாய் சும்மா இருக்குமா. "கம்பி கோணல், டெய்லர் கோணல், உலகமே கோணல். தைக்கிற பாவாடையெல்லாம் தரையில இழுபடுதுன்னு எத்தனை டெய்லரை மாத்தியாச்சு தெரியுமா டாக்டர். எல்லாரும் அதே பழைய அளவுலதான் தைச்சுத் தர்றாங்க."

டாக்டரின் விரல் தட்டுவதை நிறுத்தியது. "எப்பலேர்ந்து பாவாடை நீளமாத் தெரியுது?"

சம்பந்தியம்மா தரையில் புரண்ட பாவாடை ஓரத்தைக் காலால் உள்ளே தள்ளினாள்.

"முதுகு வலி?"

"தலகாணி சரியில்ல."

"வேற ஏதாவது மாத்திரை?"

"வீசிங்குக்கு எப்பவாவது. எப்பவாவதுன்னா, வருஷக் கணக்கா." மாப்பிள்ளை பையிலிருந்து அந்த அட்டையை எடுத்துக் கொடுத்தார்.

டாக்டர் பெயரைப் படித்தார். "இதுதாம்மா ஸ்டீராய்டு."

அவ்வளவு பொய்க்கும் ஆமாம் சொன்னவள், மெய்யான ஒன்றுக்கு மட்டும் இல்லை என்று சொல்லியிருந்தாள். எக்ஸ்ரே எடுக்க அழைத்துப் போனார்கள். அந்த நேரம் முழுக்க அக்கா யாரையும் எதிலும் தோற்கடிக்காமல் உட்கார்ந்திருந்தாள். நான் அதற்கு முன் அப்படி ஒரு காட்சியைப் பார்த்ததில்லை.

படம் வந்தது. முதுகெலும்பில் இரண்டு கட்டை, யாரோ மேலே உட்கார்ந்த தீப்பெட்டி போல நசுங்கியிருந்தது.

"அப்ப அம்மாவுக்கு எத்தனை சதவீதம்னு வச்சுக்கலாம்?" என்றார் மாப்பிள்ளை. கவலையைச் சொல்ல மனிதருக்கு வேறு மொழி தெரியாது, பாவம்.

"முறியுமான்னு பார்க்கத்தாங்க சதவீதம். இது முறிஞ்சே போச்சு. அடுத்தது முறியாமப் பார்த்துக்கணும். ஊசி இருக்கு, மாத்திரை இருக்கு. பக்கெட் தூக்கக் கூடாது. வழுக்கற மிதியடியை எடுத்துடுங்க. படி ஏறி இறங்கறது இப்போதைக்கு வேண்டாம்."

அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். "ஏன் சம்பந்தி, இத்தனை நாள் இந்த முதுகோடவா படி ஏறினீங்க? ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"உங்ககிட்டயா? நீங்க பாட்டுக்கு விசில் அடிச்சுட்டு ஏறுவீங்க. நான் உங்க பின்னால நின்னு மூச்சு வாங்கறேன்னு சொல்லணுமா?"

"நான் எங்க விசில் அடிச்சேன்? எனக்கு மூச்சு வாங்குனா அப்படித்தான் சத்தம் வரும்."

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு இரண்டு தலைகளும் ஒரே சமயத்தில் கதவுப் பக்கம் திரும்பின. அங்கே நான் நின்றுகொண்டிருந்தேன்.

"தம்பி," என்றாள் அக்கா, "பெட்டியக் கட்டு."

கடைசி முயற்சியாக டாக்டரிடம் திரும்பினேன். "டாக்டர், எனக்கும் வயசாச்சு. புகை பிடிப்பேன். கொஞ்சம் குடிப்பேன்."

"அதெல்லாம் நம்பறேன்," என்றார் டாக்டர். "நாளைலேர்ந்து ரெண்டையும் விட்டுட்டு தினமும் படி ஏறுங்க. உங்களுக்கு அதுதான் மருந்து."

சம்பந்தியம்மா கீழ் அறைக்கு வந்தாள். ஊசி போட்டுக்கொள்கிறாள், பாவாடையை உயர்த்தித் தைத்துக்கொண்டாள், பழைய டெய்லர்களிடமெல்லாம் ஆள் அனுப்பி மன்னிப்புக் கேட்டாள். அக்கா காலையில் இறங்கி வந்தால் பொழுது சாயும்வரை அங்கேதான். தெருவில் சண்டை வந்தால் இரண்டு பேரும் என் ஜன்னலில் முதல் வரிசையில் உட்கார்ந்து, யார் பக்கம் நியாயம் என்று சதவீதம் போடுகிறார்கள். நானோ கட்டிலைத் தலையில் சுமந்து, ஒவ்வொரு படியிலும் உட்கார்ந்து எழுந்து, மாடிக்குப் போய்ச் சேர்ந்தேன். இன்றுவரை ஒவ்வொரு வேளைச் சோற்றுக்கும் அந்தப் படிகளில்தான் இறங்கி ஏறிக்கொண்டிருக்கிறேன்.

பல் ஒன்று ஆட ஆரம்பித்துவிட்டது, அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன்: எங்கள் வீட்டுக்கு மாடி கிடையாது.