அம்மன் முன் இரண்டு பொட்டலம்

வியாழக்கிழமை சாயங்காலம் நான்கு மணிக்குள் கௌசிகா இரண்டில் ஒரு கல்லூரியில் சேர்ந்தாக வேண்டும். மண்ணுத்தியில் கால்நடை மருத்துவம் கிடைத்திருந்தது. பாலக்காட்டுச் சித்தூர் அரசு கல்லூரியில் பி.ஏ. தமிழும் கிடைத்திருந்தது. மாற்றுச் சான்றிதழ் ஒன்றுதான். அதை எங்கே கொடுக்கிறாளோ, அதுதான் அவள் படிப்பு.

கேரளத்துக் கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே, தமிழ்நாட்டு எல்லைக்கு நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில் அவர்கள் தோட்டம். அப்பா ஆறுமுகசாமிக்கு ஆறு கறவை மாடுகள், கொஞ்சம் தென்னை. மண்ணுத்தி அலோட்மென்ட் வந்த அன்றே அவர் பால் சொசைட்டியில் எல்லோருக்கும் கடலை மிட்டாய் கொடுத்துவிட்டார். செகரட்டரி காளிச்சாமி அன்றிலிருந்து கௌசிகாவைப் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை.

"டாக்டரம்மா வருது, வழி உடுங்கப்பா" என்பார்.

"எங்க மாடு ரெண்டு நாளாச் சோளத்தட்டுத் திங்க மாட்டேங்குது. பீஸ் எவ்வளவுங்க டாக்டரம்மா?" என்று பால் ஊற்ற வந்தவர்களும் சேர்ந்துகொள்வார்கள். கௌசிகா சிரித்துக்கொண்டே கேனை இறக்கி வைப்பாள்.

ஆறுமுகசாமியின் ஆசைக்கு ஒரு காரணம் உண்டு. இரண்டு வருடத்துக்கு முன் அவர்களுடைய செவலைப் பசு, கன்று வயிற்றில் திரும்பிக்கொண்டதால் மூன்று மணி நேரம் துடித்தது. டாக்டர் வேறொரு ஊரில் வேறொரு மாட்டைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார். அவர் வந்து சேர்ந்தபோது பசுவும் இல்லை, கன்றும் இல்லை. அதுவரை பசுவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் கௌசிகா. இந்தப் பிள்ளை ஒரு டாக்டராக இருந்திருந்தால் என்று அன்று அவர் நினைத்தது தன் மாட்டுக்காக மட்டும் இல்லை, ஊர் மாடுகள் எல்லாவற்றுக்காகவும்தான்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மாட்டுக்குத் தட்டு எடுக்கச் சோளத்தட்டுப் போருக்குப் பின்னால் போனவர், மாட்டுச்சாளையில் மகள் பேசுகிற சத்தம் கேட்டு நின்றார். அவள் பவுனு என்கிற பசுவிடம் பால் கறந்துகொண்டே பேசிக்கொண்டிருந்தாள்.

"பவுனு, நா உனக்கு டாக்டராகோணுமாமா. உன்னையக் கொஞ்சறதுக்குத்தான் எனக்குத் தெரியும். செவலை செத்தன்னைக்குப் புடிச்ச நடுக்கம் இன்னும் போகல. ரத்தத்தைக் கண்டா அந்த வாசம் வருது." அவள் அடுத்த காம்புக்குக் கையை மாற்றினாள். "சித்தூர்ல தமிழ் கெடைச்சிருக்குது, தெரியுமா? லிஸ்ட்டுல என்ர பேரு ரெண்டாவது. மூணு தடவை படிச்சுப் பாத்துட்டேன். அப்பா மொகத்தப் பாத்தா சொல்ல முடிய மாட்டேங்குது. நீயும் சொல்லிப்போடாத."

ஆறுமுகசாமி தட்டை எடுக்காமலே திரும்பி வந்துவிட்டார்.

ஒளிந்து கேட்டதை மகளிடம் எப்படிச் சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை. ஆசையை விடவும் மனம் வரவில்லை. பயம் எல்லோருக்கும் முதலில் இருப்பதுதானே, படிக்கப் படிக்கப் போய்விடாதா என்றும் ஒரு எண்ணம். ராத்திரிச் சோற்றின்போது, "நாளைக்குக் காலைல செல்லாண்டியம்மன் கோயில்ல பூக் கேட்டுறலாம்" என்றார்.

அந்தப் பக்கத்தில் பெண் பார்க்கப் போகுமுன்னும் கிணறு வெட்டுமுன்னும் பூக் கேட்பார்கள். வெள்ளை அரளி ஒன்று, சிவப்பு அரளி ஒன்று, தனித்தனியாக இலையில் மடித்து அம்மன் காலடியில் வைப்பார்கள். எதில் எது என்று தெரியாத ஒரு கை ஒன்றை எடுக்கும். வருகிற பூதான் அம்மன் வாக்கு. அதற்கு மேல் பேச்சில்லை.

"வெள்ளை வந்தா மண்ணுத்தி, சிவப்பு வந்தா சித்தூர். என்ன கண்ணு?"

"சரிங்கப்பா" என்றாள் கௌசிகா.

அம்மா கமலாத்தாள் ரசத்தை ஊற்றிக்கொண்டே, "பெத்த புள்ளகிட்டக் கேக்க வாயில்லாம அம்மங்கிட்டக் கேக்கப் போறீங்களாக்கும்" என்றாள்.

புதன்கிழமை காலை அவர்கள் போனபோது பூசாரி சென்னியப்பன் கோயில் வாசலில் உட்கார்ந்து பித்தளை விளக்குகளைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"என்ர கையெல்லாம் புளி அம்மிணி. நீயே பறிச்சு மடிச்சுக் கொண்டா."

கௌசிகா கோயிலுக்குப் பின்னால் இருந்த அரளிச் செடிகளிடம் போனாள். இரண்டு பூப் பறிக்க ஆகிற நேரத்தைவிடக் கொஞ்சம் அதிக நேரம் ஆயிற்று. பூவரச இலையில் மடித்து, வாழைநாரால் கட்டிய இரண்டு பொட்டலங்களோடு வந்து, அம்மன் முன் தட்டில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றுகொண்டாள்.

பூ எடுக்கச் சின்னக் குழந்தை வேண்டும். குழந்தைகள் எல்லாம் பள்ளிக்கூடம் போய்விட்டிருந்தார்கள். "மொதல்ல ஆரு வர்றாங்களோ அவங்க எடுக்கட்டும்" என்றார் பூசாரி.

வந்தவள் வள்ளியாத்தாள். பஸ் ஸ்டாப்பில் லாட்டரிச் சீட்டு விற்கிறவள். சீட்டுப் பலகையைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டுக் கும்பிட்டாள்.

"வள்ளியக்கா, ஒரு கை குடு. தட்டுல இருக்கறதுல ஒண்ணு எடு."

"நா எடுத்தா ஆகுமுங்களா பூசாரி? இருவது வருசமா சீட்டு விக்கறேன். என்ர கைல வாங்குன ஆருக்கும் ஒரு சேலை எடுக்கற அளவுக்குக்கூட விழுந்ததில்ல."

"அது கவர்மென்ட்டு சீட்டு. இது அம்மன் சீட்டு. எடு."

"ஆருக்குங்க? நம்ம டீச்சருக்கா?"

ஆறுமுகசாமி திரும்பிப் பார்த்தார். "டீச்சரா? ஆரு டீச்சரு?"

"உங்க புள்ளதானுங்கண்ணா. பால் வண்டி வர்ற வரைக்கும் ஸ்டாப்புல உக்காந்து எனக்கு எழுத்துச் சொல்லிக் குடுக்குதே, தெரியாதுங்களா? விக்காத சீட்டுக்குப் பின்னால எழுதி எழுதிக் காட்டும். அம்பத்திரெண்டு வயசுல என்னைய 'அ'னா போட வெச்சுப்போட்டுது. போன வருசம் பொள்ளாச்சி வண்டின்னு கோயமுத்தூர் வண்டில ஏறிட்டு அழுதுட்டு வந்தேன். இனி ஏற மாட்டேன்." அவள் கௌசிகாவைப் பார்த்துச் சிரித்தாள். "எனக்கு ஒரு எழுத்து வந்துட்டா இந்தப் புள்ள மொகத்தப் பாக்கோணும் நீங்க. அதுக்குத்தான் சீட்டு விழுந்த மாதிரி இருக்கும்."

கௌசிகா தலையைக் குனிந்துகொண்டாள்.

அந்த முகத்தை ஆறுமுகசாமி பார்த்ததில்லை. சொசைட்டியில் கேனை இறக்கும்போது சிரிக்கிற முகத்தைத்தான் பார்த்திருக்கிறார்.

வள்ளியாத்தாள் கண்ணை இறுக மூடிக்கொண்டு ஒரு பொட்டலத்தை எடுத்து அவரிடம் கொடுத்தாள். பிரிக்க வேண்டியது குடும்பத் தலைவர். நாரை அவிழ்த்து, இலையை விரலால் விலக்கினார். வெள்ளை.

அவர் கேட்டது கிடைத்துவிட்டது. உரக்கச் சொல்லிக் கும்பிட வேண்டியதுதான். ஆனால் நாளைக்கு மண்ணுத்தியில் பெட்டியோடு இறங்கி நிற்கும் மகள் கண்ணுக்கு முன்னால் வந்தாள். அங்கேயும் அவள் சிரித்துக்கொண்டேதான் நிற்பாள். அந்தச் சிரிப்பை ஐந்தரை வருடம் அவள் சுமக்க வேண்டும்.

அவர் உள்ளங்கையை மூடினார். "சிவப்பு" என்றார்.

ஒரு வருடம் நேர்ந்துகொண்ட பால்குடத்தை எடுக்க முடியாமல் போனபோது, நேராக வந்து அம்மனிடம் சொல்லி மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போன மனிதர் அவர். இந்த வாசலில் அவர் சொன்ன முதல் பொய் அது. குரல் அவருடையது மாதிரியே இல்லை.

கௌசிகா சட்டென்று நிமிர்ந்தாள். அவள் முகத்தில் சந்தோஷம் இல்லை. பயம்தான் இருந்தது.

"நல்லது. பூவை இப்படிக் குடுங்க" என்று பூசாரி கையைக் கழுவிவிட்டு எழுந்தார். "குங்குமம் வெச்சுத் தாரேன். புள்ள தலைல சூட்டோணும்."

ஆறுமுகசாமி மூடிய கையோடு நின்றார். பக்கத்தில் நின்ற வள்ளியாத்தாள் வெள்ளையைப் பார்த்திருந்தாள். எதற்காக இந்த மனுசன் இப்படிச் சொல்கிறார் என்று அவளுக்குப் புரியவில்லை. மாட்டிக்கொண்டு நிற்கிறார் என்பது மட்டும் புரிந்தது. உதவி செய்ய அவளுக்கு அது போதும். அவள் குனிந்து மற்றப் பொட்டலத்தை எடுத்து, முந்தானை மறைவில் பிரித்து, அதிலிருந்த பூவை அவருடைய இன்னொரு கைக்குள் திணிக்கப் போனாள். போன கை அப்படியே நின்றது.

அதுவும் வெள்ளைதான்.

"சிவப்பு வராதுங்கப்பா" என்றாள் கௌசிகா மெதுவாக. "நா சிவப்பு வெக்கவே இல்ல."

இரண்டு வெள்ளை அரளியும் தட்டுக்கு வந்து சேர்ந்தன. பூசாரி அவற்றைப் பார்த்தார். பிறகு மூன்று பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்தார். விளக்குகளுக்குப் பக்கத்தில் மறுபடியும் உட்கார்ந்துவிட்டார்.

"அப்பன் வெள்ளையச் சிவப்புங்கறான். புள்ள பொய்யப் பொட்டலமா மடிச்சுக் கொண்டாருது. சீட்டுக்காரக்கா கள்ளப் பூக் கடத்துது. அம்மனும் நானுந்தான் நெசமாப் பூக் கேட்டமாக்கும்."

வள்ளியாத்தாளுக்குச் சிரிப்பு வந்து, அம்மன் முன் சிரிக்கலாமா என்று முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

"ஏங்கண்ணு இப்படிப் பண்ணுனே?" என்றார் ஆறுமுகசாமி.

"அம்மன் சொன்னா உங்களுக்குச் சந்தோசம். நானும் அம்மன் சொல்லிப்போட்டான்னு போயிருவேன். என்னால உங்க ஆசை கெட்டுப் போச்சுன்னு இருக்க வேண்டாமுன்னுதானுங்க." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நீங்க ஏனுங்கப்பா சிவப்புன்னீங்க?"

"பவுனு சொல்லிப்போட்டா."

கௌசிகாவுக்கு ஒரு கணம் ஆயிற்று. புரிந்ததும் அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. "அவகிட்டச் சொல்லாதேன்னு சொல்லியிருந்தேனே" என்றாள்.

"இந்தத் தடவை நா மடிக்கறேன். ஒருக்காத் திரும்பக் கேட்டுறலாம்" என்றார் பூசாரி.

ஆறுமுகசாமி மறுத்துத் தலையசைத்தார். நேற்று ராத்திரி கமலாத்தாள் சொன்னது இப்போதுதான் அவர் காதில் முழுதாக விழுந்தது. "வேண்டாமுங்க. நா கேக்க வேண்டியத நா கேட்டுக்கறேன்." மகள் பக்கம் திரும்பினார். "எது கண்ணு படிக்கறே?"

பதினெட்டு வயதுக்குள் எத்தனையோ முறை அவர் அவளிடம் கேள்வி கேட்டிருக்கிறார். பதிலுக்காக இப்படிக் காத்து நின்றதில்லை.

"தமிழுங்கப்பா."

"சரி."

"உங்களுக்கு வருத்தமில்லீங்களா?"

"இருக்குது. இல்லீன்னு சொன்னா இதே எடத்துல ரெண்டாவது பொய்யாயிரும். இருந்துட்டுப் போகட்டும். நாலு நாள் மாடு கறந்தாச் சரியாயிரும்."

அம்மன் அதைப் பற்றி என்ன நினைத்தாள் என்று சொல்ல நமக்கு அறிவு போதாது. ஒருவருக்காக ஒருவர் தோற்றுப் போகப் பார்த்த இரண்டு பேரை அவள் கோபித்துக்கொண்டிருக்க மாட்டாள் என்று நம்பலாம். ஆனாலும் பொய் பொய்தான். பூசாரி அபராதம் போட்டார். மீதி இருந்த ஒன்பது விளக்குகளையும் அப்பாவும் மகளும் தேய்த்துவிட்டுப் போக வேண்டும். யாரும் சொல்லாமலே வள்ளியாத்தாளும் ஒரு விளக்கை எடுத்துக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் சொசைட்டியில் காளிச்சாமி வழக்கம்போல ஆரம்பித்தார். "டாக்டரம்மா வருது, வழி..."

"டாக்டரில்லீங்க" என்றார் ஆறுமுகசாமி. "தமிழ் படிக்கப் போகுது. டீச்சரு."

பால் அளக்கிற சத்தம் நின்றது. "கெடைச்ச டாக்டர் சீட்டையா உட்டுப்போட்டீங்க?" என்று யாரோ கேட்டார்கள். கௌசிகா கேனின் பிடியை விடாமல் நின்றாள். இந்தக் கேள்வியை இன்னும் பல நாள் அப்பா காதில் வாங்க வேண்டியிருக்கும் என்று அவளுக்குத் தெரிந்தது.

"உட்டது வீணாகாதுங்க" என்றார் அவர். "வேண்டாமுன்னு அக்ஷயா கம்ப்யூட்டர் சென்டர்ல இன்னைக்கே எழுதிக் குடுத்துட்டு வந்துட்டோம். லிஸ்ட்டுல அடுத்த பேருல ஒரு புள்ள இருக்குமல்லோ. கெடைக்கலையேன்னு அழுதுட்டு இருக்கும். சீட்டு அதுக்குப் போகும். நாளைக்கு நம்ம ஊருக்கே டாக்டரா வந்தாலும் வருமுங்க, ரத்தத்துக்குப் பயப்படாத புள்ள."

காளிச்சாமி பால் அளக்கிற லிட்டரைக் கீழே வைத்தார். "அப்ப நா தின்ன கடலை மிட்டாய்?"

"அது டாக்டருக்கு. டீச்சருக்கு வேற தாரேன்."

வியாழக்கிழமை காலை கமலாத்தாள் மகள் தலையில் செவ்வரளி ஒன்றைச் செருகி அனுப்பினாள். சான்றிதழ் கவரை அப்பா மார்போடு பிடித்துக்கொண்டார். பஸ் ஸ்டாப்பில் வண்டி வந்து நின்றது. போர்டில் மலையாளத்துக்குக் கீழே சின்னதாகத் தமிழிலும் எழுதியிருந்தது. வள்ளியாத்தாள் சீட்டுப் பலகையோடு வண்டிக்கு முன்னால் வந்து நின்றுகொண்டு, கையைக் காட்டி, "இருங்க, இருங்க, நா பாத்துச் சொல்றேன்" என்றாள்.

"சி... இது 'த்'... தூ..."

கண்டக்டர் இரண்டு தடவை விசில் கொடுத்தார். கௌசிகா அவளோடு சேர்ந்து உதட்டை அசைத்துக்கொண்டிருந்தாள், சத்தமில்லாமல். ஆறுமுகசாமி ஒரு காலைப் படிக்கட்டில் வைத்துக்கொண்டு மகள் முகத்தையே பார்த்தார்.

"ஏறுங்க, நேரமாச்சு" என்றார் கண்டக்டர்.

"சித்த இருங்க" என்றார் ஆறுமுகசாமி. "இன்னும் ஒரு எழுத்துத்தான் பாக்கி."