துபாஷிக்கு இரண்டு வரி இடம்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என் தற்பெருமையில் பிறந்தது. என் நாவலை யார் யார் எப்படியெல்லாம் புகழ்ந்திருக்கிறார்கள் என்று பார்க்கத்தான் ஒரு திங்கட்கிழமை அந்த நூலகத்துக்குப் போனேன். யாரும் அடையாளம் கண்டுகொள்ளக் கூடாது என்று கறுப்புக் கண்ணாடி வேறு. நூலகர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “கண் ஆஸ்பத்திரி எதிர்க் கட்டடம்மா” என்றார்.

(நாவலின் பெயரைச் சொல்ல மாட்டேன். விளம்பரம் என்பீர்கள்.)

அந்த நூலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு புத்தகத்தின் பின்னட்டைக்கு உள்ளேயும் கோடு போட்ட தாள் ஒன்றை ஒட்டியிருப்பார்கள். எடுத்துப் போகிறவர் திருப்பித் தரும்போது வரிசை எண் போட்டு அதில் ஒரு கருத்து எழுதலாம். பெயர் எழுதக் கூடாது. பெயர் இல்லையென்றால் மனிதர்கள் எவ்வளவு உண்மை பேசுவார்கள் என்பதை அங்கேதான் தெரிந்துகொண்டேன்.

நாவலைப் படிக்காதவர்களுக்குச் சுருக்கமாக: மலைநாட்டில் காற்று சொன்ன பேச்சைக் கேட்கும். கடல் தாண்டி வந்தவர்கள் அந்தக் காற்றைத் தோல்பைகளில் அடைத்துத் தங்கள் கப்பல்களுக்குக் கொண்டுபோகிறார்கள். மலை மூச்சுத் திணறுகிறது. இவர்கள் மொழி அவர்களுக்குத் தெரியாது, அவர்கள் மொழி இவர்களுக்குத் தெரியாது. நடுவில் நின்று இரண்டு பக்கமும் பேசுகிறவர் ஒரு துபாஷி. ஒவ்வொரு உத்தரவும் அவர் வாய் வழியாகத்தான் மலைக்கு வருகிறது. கிளர்ச்சி வெடிக்கிறது. இருபத்தேழாம் அத்தியாயத்தில் கிளர்ச்சிக்காரர்கள் துபாஷியைப் பாய்மரத்தில் தூக்கிலிடுகிறார்கள். ‘கயிறு ஆடவில்லை. ஆட்டுவதற்குக் காற்று மிச்சமில்லை.’ சும்மா சொல்லக் கூடாது, நல்ல வரி.

வாசகர்களும் அப்படித்தான் சொல்லியிருந்தார்கள்.

3. துபாஷியைத் தூக்கில் போடும் இடத்தில் எழுந்து நின்று கைதட்டினேன். வீட்டில் திட்டு விழுந்தது.

7. முதல் நூறு பக்கம் ஒரே இழுவை. 27ஆம் அத்தியாயத்துக்காகப் பொறுத்துக்கொள்ளலாம்.

11. எல்லாத் துபாஷிகளுக்கும் இதுதான் கதி.

பதினெட்டு வரை இதே பாட்டு. எனக்குத் தலைகால் புரியவில்லை. பத்தொன்பதிலிருந்து சுதி மாறியது.

19. நடுவில் சில பக்கங்கள் ஒட்டிக்கொண்டுள்ளன. நூலகம் கவனிக்கவும். கதை நன்று.

21. துபாஷி என்ன ஆனார்? தப்பித்துவிட்டார் என்று நினைக்கிறேன்.

24. 88ஆம் பக்கத்தில் அவருக்கு ஒரு மகள் இருப்பதாக வருகிறது. அவளையும் கூட்டிக்கொண்டுதான் போயிருப்பார்.*

27. செய்த காரியத்துக்குத் தண்டனை வேண்டியதுதான். ஆனாலும் ஆளைக் காணோம் என்றதும் மனசு அடித்துக்கொண்டது.

*மகளா? அப்படி ஒருத்தியை எழுதியதே எனக்கு ஞாபகம் இல்லை. 88ஐப் புரட்டினேன். இருந்தாள். ஒரே ஒரு வரி.

2

இருபத்தேழாம் அத்தியாயத்தைத் தேடினால், காணோம். 309க்கு அடுத்து 318. இடையில் ஐந்து தாள்களை வெளி ஓரத்தில் ஒன்றாகச் சேர்த்துத் தைத்திருந்தார்கள். ஐந்து தாளைத் தைத்தால் எட்டுப் பக்கம் உள்ளே மறையும். வெள்ளை நூல், ஒரே அளவில் தையல். 309இன் கடைசியில் துபாஷியைக் கப்பலின் படியில் ஏற்றுகிறார்கள். 318இல் மறுநாள் காலை விடிகிறது. அதற்குப் பிறகு வரும் தொண்ணூறு பக்கத்தில் துபாஷியைப் பற்றி ஒரு சொல் கிடையாது. கொன்றதோடு நானும் அவரை மறந்துபோயிருக்கிறேன்.

எனக்கு வந்த கோபத்தில் நேரே நூலகரிடம் போனேன். “தையலா? அது ஊசியக்கா வேலை. பின்பக்க ரூம்ல இருப்பாங்க” என்றார்.

பின்னறையில் புத்தகங்கள் அழுத்துக்கட்டையில் நெரிபட்டுக் கிடந்தன. பசை வாசனை. ஐம்பது வயதை ஒட்டிய பெண்மணி ஒருவர் முதுகு பிய்ந்த அகராதி ஒன்றுக்குத் துணி ஒட்டிக்கொண்டிருந்தார்.

“இது நீங்க தைச்சதா?”

“ஆமா. ஏன், பிரிஞ்சிடுச்சா?”

“பிரியலை. அதான் பிரச்சினை. இதை எழுதினது நான்.”

பொதுவாக இதைச் சொன்னதும் எதிரில் இருப்பவர் முகம் மலரும். ஊசியக்கா பசைப் பிரஷைக் கீழே வைத்துவிட்டு ஒரு ஸ்டூலை என் பக்கம் தள்ளினார்.

“உக்காருங்க மேடம். ரெண்டு மாசமா உங்களத்தான் திட்டிக்கிட்டிருக்கேன்.”

3

இங்கிருந்து இது ஊசியக்காவின் கதை. எப்படித் தொடங்குவது என்பதில்தான் தகராறு.

‘ஊசியக்கா வாழ்க்கையில் சிரித்ததே’ — பொய். என்னைத் திட்டும்போதே இரண்டு முறை சிரித்தார்.

‘வெளியே மழை பெய்துகொண்டிருந்தது. ஊசியக்காவின் மனதிலும்’ — வேண்டாம், எனக்கே கூசுகிறது.

சரி, நடந்ததையே எழுதுகிறேன்.

ஊசியக்காவும் அவருடைய அண்ணனும் ஒரே வீட்டில் இருந்தார்கள். ஊருக்கு வெளியே இருக்கும் கல்குவாரி கடல் தாண்டி வந்த ஒரு கம்பெனியுடையது. அங்கே அண்ணன் ஒன்பது வருஷமாக மொழிபெயர்ப்பாளர். அந்த வேலைக்கு ஒரு முறை உண்டு. ‘மேனேஜர் சொல்கிறார்’ என்று முன்னால் சேர்க்கக் கூடாது. மேனேஜர் எப்படிச் சொன்னாரோ அப்படியே, தானே பேசுவதுபோலச் சொல்ல வேண்டும். ‘நான் தண்ணி தெளிக்க ஆள் வைக்க மாட்டேன்.’ ‘நான் உங்களை வேலையை விட்டு அனுப்பிடுவேன்.’ தூசியில் இருமிக்கொண்டு நிற்கும் முந்நூறு பேர் ஒன்பது வருஷமாக இதையெல்லாம் அண்ணனின் குரலில்தான் கேட்டார்கள். அதேபோல அவர்கள் மேனேஜரைத் திட்டுவதையும் அண்ணன் தன் வாயாலேயே திட்டினார். அதைப் புரிந்துகொள்ளத்தான் ஆட்கள் யாருக்கும் அந்த மொழி தெரியாது. மேனேஜரின் இருமலைக்கூட அண்ணன் மொழிபெயர்ப்பார் என்று ஊசியக்கா கேலி செய்வார்.

வேலைநிறுத்தம் தொடங்கிய மாதத்தில்தான் என் நாவல் அந்த ஊரில் கைமாறிக்கொண்டிருந்தது. பஸ் நிறுத்தத்தில் யாரோ அண்ணனைப் பார்த்து, “என்ன துபாஷி, காத்து வாங்க வந்தீங்களா?” என்றார்கள். கூட நின்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அண்ணனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. விசாரித்து, இது ஒரு புத்தகத்திலிருந்து வந்த பட்டம் என்று தெரிந்ததும், நூலகத்தில் அந்தப் புத்தகத்துக்குப் பெயர் பதிந்து வைத்தார். அவருக்கு முன்னால் பன்னிரண்டு பேர் காத்திருந்தார்கள்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஊசியக்கா பால் எடுக்கக் கதவைத் திறந்தார். கதவின் வெளிப்பக்கத்தில் யாரோ கரியால் ஒரு சுருக்குக் கயிறு வரைந்திருந்தார்கள். அன்று மதியம் யாரோ திருப்பித் தந்த புத்தகம் ஊசியக்காவின் கைக்கு வந்தது. சாப்பாட்டு நேரத்தில் பின்னறையில் உட்கார்ந்து எட்டுப் பக்கத்தையும் படித்தார். கயிற்றுக்கு ஏழு சுற்று என்று நான் எழுதியிருந்தேன். விவரம் துல்லியமாக இருக்க வேண்டும் என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு எழுதிய பத்தி அது. சாயங்காலம் வீட்டுக்குப் போய்க் கதவிலிருந்த சுற்றுகளை விரல் வைத்து எண்ணினார். ஏழு.

(இந்த இடத்தில் ஊசியக்கா அழுததாக முதலில் எழுதியிருந்தேன். “அழலை மேடம், பயந்தேன்” என்றார். திருத்திவிட்டேன்.)

அடுத்த நாள் அந்தப் பக்கங்களைக் கிழித்துவிடலாம் என்று அளவுகோலைக்கூட வைத்துப் பார்த்தார். கை வரவில்லை. இருபது வருஷமாகக் கிழிந்ததைச் சேர்த்துக்கொண்டிருக்கும் கை அது. அதற்குத் தெரிந்ததைத்தான் செய்தது.

4

அண்ணனின் முறை நான் நூலகத்துக்குப் போவதற்கு முந்தைய வாரம் வந்தது. ஞாயிறு மதியம் ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு படித்தார். ஊசியக்கா கீரை ஆய்கிற சாக்கில் எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். 309 வந்ததும் அண்ணனின் கட்டைவிரல் ஓரத்தைத் தடவியது.

“இது உன் தையல்தானே?”

“பழைய புத்தகம்ணே. தாள் கழண்டு வந்துச்சு.”

“கழண்ட தாளை நீ முதுகுலதானே தைப்ப? வெளி ஓரத்துல எதுக்குத் தைச்ச?”

ஊசியக்கா ஆய்ந்த கீரையையே மறுபடி ஆய்ந்தார். அண்ணன் கோபப்படவில்லை. தாள்களின் மேல்பக்கம் திறந்துதான் இருந்தது. அதைக் குழாய்போல வளைத்து, கிணற்றை எட்டிப் பார்ப்பதுபோல உள்ளே பார்த்துப் படித்தார். எட்டுப் பக்கத்துக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று. முடித்ததும், “ஏழு சுத்து. சரியாத்தான் வரைஞ்சிருக்காங்க” என்றார். பிறகு பேனாவை எடுத்துப் பின்னட்டைத் தாளில் எழுதினார்.

31. இந்தத் துபாஷி முழுப் புத்தகத்திலும் மற்றவர்கள் பேச்சைத்தான் பேசுகிறார். சாகும்போதாவது அவருக்கென்று ஒரு வாக்கியம் கொடுத்திருக்கலாம். மற்றபடி நடை நன்று.

இதைப் படித்தபோது நான் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். நல்ல வேளை. நாவலில் துபாஷி பேசுகிற ஒவ்வொரு இடமும் எனக்கு மனப்பாடம். ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்த்தேன். அண்ணன் சொல்வது உண்மை.

5

ஊசியக்கா கேட்டது ஒன்றே ஒன்று. “புதுப் பதிப்பு வருதாமே? அந்த எட்டுப் பக்கத்தை எடுத்துடுங்க.”

புதுப் பதிப்புக்கான திருத்தங்களை நான் வெள்ளிக்கிழமைக்குள் அனுப்ப வேண்டும். அட்டையில் அந்தக் கயிற்றையே பெரிதாகப் போட வேண்டும் என்பது பதிப்பாளரின் ஆசை.

“எடுக்க மாட்டேன்” என்றேன். “அந்த ஆள் சொன்ன உத்தரவுகளால எத்தனை பேர் செத்தாங்கன்னு நாவல்ல இருக்கு. பறிகொடுத்தவங்க கோபம் நியாயமானது. அதை நான் தைச்சு மறைக்க மாட்டேன்.”

“அப்ப எங்க அண்ணன்?”

“துபாஷிக்கு ஒரு வாக்கியம் எழுதறேன்” என்றேன். முப்பது வருஷமாக எழுதுகிறவள், ஒரு வாக்கியம் எழுத முடியாதா? அங்கேயே உட்கார்ந்து எழுதினேன்.

“என்னை மன்னித்துவிடுங்கள்.”

“இது உங்க ஆசை. நீங்க அவர் வாய்ல போடறீங்க” என்றார் ஊசியக்கா.

“நான் சொன்ன எதுவும் என் பேச்சு இல்லை.”

“தப்பிச்சுக்கப் பாக்கறாரு.”

“என் மகளைப் பார்த்துக்கொள்ளுங்கள்.”

“இது இருபத்தி நாலாம் நம்பர் சொன்னது.”

செவ்வாயும் போனது. தாள் தாளாகக் கிழித்தேன். புதன்கிழமை வெட்கத்தை விட்டு, “உங்க அண்ணன்கிட்டயே கேட்டுச் சொல்லுங்களேன்” என்றேன். மதியம் பதில் வந்தது.

“கேட்டேன் மேடம். ‘அவர் பேசாததை நான் எப்படிச் சொல்றது?’ன்னுட்டார்.”

6

வியாழக்கிழமை குவாரியில் பேச்சுவார்த்தை. நான் அங்கே இல்லை. பதிப்பாளரோடு அட்டைப் படத்துக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். ஆகவே இந்தப் பகுதியை எழுத எனக்குத் தகுதி குறைவு. கேட்டதைச் சொல்கிறேன்.

திங்கட்கிழமைக்குள் திரும்பாதவர்கள் இனி வரவே வேண்டாம் என்றார் மேனேஜர். அண்ணன் எழுந்து, வழக்கம்போல, “திங்கட்கிழமைக்குள்ள வராதவங்களை நான் இனி சேர்க்க மாட்டேன்” என்றார். கூட்டம் உறுமியது. யாரோ கதவில் வரைந்த கயிற்றை ஞாபகப்படுத்திக் கத்தினார்கள். அண்ணன் உட்காரவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

“இப்போ பேசறது நான்” என்றார்.

பிறகு ஒரே ஒரு வாக்கியம். இந்த மொழியில் ஒரு முறை, அந்த மொழியில் ஒரு முறை.

என்ன வாக்கியம்? அங்கேதான் வந்தது வினை. வெள்ளிக்கிழமை காலை அங்கே இருந்தவர்களைத் தேடிப் போய்க் கேட்டேன்.

“‘நான் ஒம்போது வருஷமா இதே தூசியத்தான் தின்னுட்டிருக்கேன்’னாரு. கரெக்டா கேட்டேன்” என்றார் லாரி ஓட்டுநர்.

“‘நான் நாளையிலேருந்து வரலை’ன்னார். வேற ஒண்ணும் சொல்லலை” என்றார் அலுவலகக் குமாஸ்தா.

சங்கத் தலைவர் வெகுநேரம் யோசித்தார். “‘நான் சொல்றேன், நீங்க பண்றது தப்பு’ன்னாரு. எங்களைச் சொன்னாரா அவங்களைச் சொன்னாரான்னுதான் தெரியலை. நேத்து ராத்திரி பூரா எங்களுக்குள்ள அதே பேச்சு.”

அண்ணனிடம் ஊசியக்காவே கேட்டிருக்கிறார். “சொல்ல வேண்டியவங்ககிட்ட சொல்லியாச்சு” என்று துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டாராம்.

வெள்ளிக்கிழமை அவர் வேலைக்குப் போகவில்லை. இரண்டு மாதமாக அழிக்கப் பயந்து கதவிலேயே விட்டிருந்த கயிற்றை ஊசியக்கா அன்று ஈரத்துணியால் துடைக்கப் போனபோது மட்டும் தடுத்தார். “இருக்கட்டும். யாரு வரைஞ்சாங்களோ அவங்களே வந்து அழிக்கட்டும்.”

7

முடிவுக்கு வந்துவிட்டோம். என்னிடம் இரண்டு இருக்கின்றன.

முதல் முடிவு: கயிற்றை வரைந்தவர் ஒரு காலையில் ஈரத்துணியோடு வந்து நிற்கிறார். எழுதினேன், எழுதும்போதே அழுதேன், அதனாலேயே சந்தேகம் வந்து அடித்துவிட்டேன்.

இரண்டாவது: ஜன்னல் வழியாக ஒரு கல் வந்து — இதையும் பாதியில் விட்டுவிட்டேன். இது நடக்கக்கூடியது என்பதுதான் காரணம். நான் எழுதிய ஏழு சுற்று ஒருமுறை கதவுக்குப் போய்விட்டது. இனி எதை எழுதினாலும் அது எங்கே போகும் என்று பார்த்துத்தான் எழுதுவேன்.

கதவு நிற்கிற இடத்தில் நிற்கட்டும். என் கையில் இருப்பது நாவல் மட்டும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் நூலகத்துக்குப் போய், “தூக்கு இருக்கும், ஊசியக்கா. சுத்து எத்தனைன்னு இருக்காது. அட்டையிலயும் கயிறு கிடையாது” என்றேன்.

அவர் புத்தகத்தை எடுத்து, சின்னக் கத்தரியால் தையலை ஒவ்வொன்றாக வெட்டினார்.

“இருக்கட்டும். ஆனா பேசிட்டுப் போகட்டும்” என்றார். “வாக்கியம் கிடைச்சுதா?”

“இல்லை. இடம் விடப்போறேன். படிக்கிறவங்க எழுதட்டும்.”

ஊசியக்கா உடனே தொழில்காரராகிவிட்டார். “எழுதறதுன்னா ஒரு வரி பத்தாது மேடம், ரெண்டு வரி விடுங்க. ஓரத்துல கை ஊன்ற அளவுக்கு மார்ஜின் வேணும். மை ஊறாத தாளா போடச் சொல்லுங்க, இல்லேன்னா பின்பக்கம் தெரியும்.”

மூன்றையும் பதிப்பாளரிடம் சொல்லிவிட்டேன். புதுப் பதிப்பில் 317ஆம் பக்கம், பாய்மரத்தடி, கயிறு பற்றிய அந்த நல்ல வரிக்குச் சற்று மேலே. துபாஷி உங்களைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார். அவரை மன்னிக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. நீங்கள் கைதட்டியவராகவும் இருக்கலாம், மகளுக்காகக் கவலைப்பட்டவராகவும் இருக்கலாம். அவர் என்ன சொன்னார் என்று எழுதுங்கள். முதல் சொல்லை மட்டும் நான் அச்சிட்டிருக்கிறேன், ஏனென்றால் அந்த ஒன்றில் மட்டும் குவாரியில் இருந்த எல்லோரும் ஒத்துப்போனார்கள்.

“நான்

................................................................

................................................................