தீவிரக் கண்காணிப்பில் ஒரு கதை

1

இந்தக் கதைக்குக் காரணம், குடும்ப வாட்ஸப் குழுவில் என் கணவர் போட்ட ஒரே வரி: "புராஸ்டேட்டில் புற்றுநோய். தீவிரக் கண்காணிப்பில் இருக்கிறேன்." போட்டுவிட்டு மனிதர் குளிக்கப் போய்விட்டார்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'ஆஸ்பத்திரியின் வெள்ளைச் சுவர்கள் அவரை...' (சுவர் பச்சை. அந்தத் தொடக்கத்தை அடித்துவிட்டேன்.)

நடந்ததையே சொல்கிறேன். அவர் லிஃப்ட் மெக்கானிக். ரத்தத்தில் பி.எஸ்.ஏ. என்கிற புராஸ்டேட் அளவு கூடியிருந்தது. முன்பெல்லாம் உடனே ஊசியால் அங்கங்கே குத்திப் பார்ப்பார்களாம். இப்போது முதலில் எம்.ஆர்.ஐ. எடுத்து, சந்தேகமான இடத்தைக் குறிவைத்துச் சதை எடுத்தார்கள். சின்னப் புற்று, அதுவும் மெதுவாக வளரும் சோம்பேறி.

"இப்ப ஆபரேஷன் வேண்டாம். அப்பப்ப ரத்தம், ஸ்கேன் பார்ப்போம். வளர்ந்தா வைத்தியம் பண்ண நேரம் இருக்கு," என்றார் டாக்டர். அதற்கு அவர் சொன்ன பெயர்தான் தீவிரக் கண்காணிப்பு.

3

என் மூத்த நாத்தனார் அழுதுகொண்டே வந்து இறங்கினார். கதவைத் திறந்தது சாட்சாத் நோயாளியே, தலையைத் துவட்டியபடி.

"டேய்! நீ ஐ.சி.யூ.ல இல்லையா?"

"அங்க குளிக்க விடமாட்டாங்களேக்கா."

(நாத்தனாரைக் கோமாளி ஆக்குகிறேனோ? இல்லை. அந்த வரியைப் படித்திருந்தால் நீங்களும் அழுதிருப்பீர்கள்.)

அழுகை கோபமானது. "உள்ள வச்சுக்கிட்டு வேடிக்கை பார்ப்பியா? வெட்டி எறிடா!"

எனக்கும் அதே பயம்தான். அவர் இருமினால்கூட ஓடிப்போய் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன்.

"லிஃப்ட் கயித்துல ஒரு இழை அறுந்தா உடனே கயித்தை மாத்த மாட்டோம்க்கா. பார்த்துக்கிட்டே வருவோம், கூடினா மாத்துவோம். பார்க்காம விட்டாத்தான் ஆபத்து. இப்பவே வெட்டி, ஒண்ணுக்கு நிக்காம போச்சுன்னா நான் எப்படி வேலைக்குப் போவேன்?"

"அப்ப தீவிரம்னு ஏன்டா எழுதின?"

"டாக்டர் சொன்னதை அப்படியே எழுதினேன்."

நாத்தனார் சிரித்துவிட்டார். நான் சிரித்தேன், பிறகு அழுதேன்.

4

முடிவுகள்:

(அ) புற்று வளர்கிறது. ரோபோ உதவியுடன் அறுவை. பிழைக்கிறார்.

(ஆ) எண்பது வயதில் அவரும் புற்றும் சேர்ந்து குறட்டை விடுகிறார்கள்.

(இ) ஒருநாள் நான் மட்டும்...

(எழுதக் கை வரவில்லை.)

நாளை அடுத்த ரத்தப் பரிசோதனை. அவர் என் தோளுக்குப் பின்னால் நின்று படிக்கிறார்.

"முடிவு எங்க?"

"கண்காணிப்புல இருக்கு."

"தீவிரமாவா?"

வாசகரே, பேனாவைப் பிடியுங்கள். எந்த முடிவையும் எழுதலாம், (இ) மட்டும் வேண்டாம். எனக்கு இந்த மனிதரைக் கிள்ள வேண்டிய வேலை இருக்கிறது.