உமர் பாரூக் வீட்டுத் தாமதம்

உமர் பாரூக் வீட்டில் பேசிய பேச்சு அவர் மனைவி சமீனாவின் காதுக்குப் போய்ச் சேர முதல் வருடம் மூன்று நாள் ஆனது. மற்றவர்களுக்கு அப்படியில்லை. பால்காரருக்கு உடனே கேட்டது, மாடிவீட்டுக்காரருக்குக் கேட்டது, டெல்லியில் இருந்த மேலதிகாரிக்கும் கண் இமைப்பதற்குள் கேட்டது. அவள் பேசுவதும் அவருக்குத் தடங்கலில்லாமல் வந்தது. அவர் சொல்வதுதான் சொன்ன இடத்திலேயே நின்று, மூன்றாம் நாள், அவர் உட்கார்ந்திருந்த நாற்காலிப் பக்கமிருந்து அவர் குரலிலேயே அவளுக்குக் கேட்கும். காஜிமார் தெருவில் இதை யாரும் பெரிதுபடுத்தவில்லை. எத்தனையோ வீடுகளில் புருஷன் பேச்சு பொண்டாட்டி காதில் ஏறுவதேயில்லை, இங்கே தாமதமாகவாவது ஏறுகிறதே என்று சொல்லிவிட்டுத் தங்கள் வேலையைப் பார்த்தார்கள்.

நாட்டிலுள்ள பல்கலைக்கழகங்களையும் ஆராய்ச்சிக் கூடங்களையும் ஒரே வலையில் கோர்க்க அரசாங்கம் கண்ணாடி இழைக் கேபிள் புதைத்தபோது, மதுரைப் பக்கத்து வேலைக்கு பாரூக்தான் பொறியாளர். செல்லூர்ச் சந்துகளில் தறிக்காரர்களிடம் பேச்சு வாங்கிக்கொண்டே பள்ளம் தோண்டினார். திருச்சி ரோட்டில் வெயிலோடு வெயிலாகக் கொட்டாம்பட்டி வரை போனார். அங்கே ஒரு பெண்கள் கல்லூரியில் சமீனா இயற்பியல் நடத்திக்கொண்டிருந்தாள். வடக்கே ஓர் ஆராய்ச்சி நிலையம் பருவமழை மேகங்களைக் கணக்கிடும் வேலையில் அவளையும் சேர்த்துக்கொள்ளச் சம்மதித்திருந்தது. ஒரே நிபந்தனைதான், ஜூன் மாதத்துக்குள் கல்லூரிக்கு அந்த இணைப்பு வந்துவிட வேண்டும். பத்து வருடமாக அவள் ஆசைப்பட்டது அது.

கொட்டாம்பட்டிக் கல்லூரிக்கென்று ஒதுக்கிய, கேபிள் சுற்றிய டிரம் மே மாதமே வந்து இறங்கிவிட்டது. அதே வாரம் பசுமலையில் பாறை குறுக்கிட்டு, பாதையைச் சுற்றிக் கொண்டுபோக வேண்டியதாகி, அங்கே கேபிள் பற்றவில்லை. பசுமலைக் கல்லூரி அவசரப்பட்டது. பாரூக் நினைத்தால் காத்திருங்கள் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் சொந்தப் பொண்டாட்டி வேலை பார்க்கும் கல்லூரிக்கு முதலில் இழுத்துவிட்டான் என்று நாலு பேர் பேசிவிடுவார்களே என்ற பயம் அவரைப் பிடித்து ஆட்டியது. நேர்மையானவர் என்ற பேர்மேல் அவருக்கு அப்படி ஒரு மோகம். டிரம்மைப் பசுமலைக்கு ஏற்றி அனுப்பிவிட்டு, வீட்டுக்கு வந்து, கேபிள் இன்னும் வரவில்லை என்று சமீனாவிடம் சொன்னார். அந்தப் பொய் மட்டும் அவளுக்கு உடனே கேட்டது. அதற்குப் பிறகு சொன்னதெல்லாம்தான் தாமதம்.

ஜூன் போனது. மேகக் கணக்கு வேறு ஊர்க் கல்லூரிக்குப் போனது. சமீனா ஒன்றும் கேட்கவில்லை, வழக்கம்போல் காலை பஸ்ஸில் வேலைக்குப் போனாள். பாரூக் டீ கேட்டால் மூன்றாம் நாள் ஆளில்லாத நாற்காலி முன்னால் டீ வந்து ஆறியது. அடுத்த வருடப் பெருநாள் வாழ்த்து ஒரு மாதம் கழித்துப் போய்ச் சேர்ந்தது. எழுதிக் காட்டினால் காகிதம் அவள் கண்ணுக்கு வெள்ளையாகவே இருந்தது. வேறு ஆளிடம் சொல்லியனுப்பலாம்தான், ஆனால் புருஷன் பொண்டாட்டி விஷயத்துக்குத் தூது விட இருவருக்குமே கூச்சமாக இருந்தது. வருடம் ஏற ஏற இடைவெளியும் ஏறியது. நாடு முழுக்கப் பேசவைத்த மனிதர் நடுக்கூடத்தைத் தாண்டிப் பேச முடியாமல் உட்கார்ந்திருந்தார். அவருக்கு அது பெரிய வேதனை.

கடைசியில் அவரோடு பல வருடம் இழை ஒட்டும் வேலை பார்த்த ஜெயபாண்டிதான் வழி சொன்னார்.

“அண்ணே, லைன் நெரிசலாக் கிடக்கு. டீ, சாவி, சட்டைன்னு அம்புட்டையும் உள்ள விட்டா முக்கியமானது எப்பப் போய்ச் சேரும்? சொல்ல வேண்டியதச் சொல்லிட்டுச் சும்மா இருங்க.”

அந்த வருட நோன்பில் பாரூக் ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்து சொன்னார். டிரம் வந்தது, பசுமலைக்குக் கொடுத்தது நான், ஊர் வாய்க்குப் பயந்து செய்தேன், உன்னிடம் பொய் சொன்னேன். பிறகு வீட்டில் வாயே திறக்கவில்லை. கொட்டாம்பட்டிக் கல்லூரிக்கும் இதற்கிடையில் இணைப்பு வந்தது. மேகத்தை எண்ண அப்போது யாரும் அவளைக் கூப்பிடவில்லை. பிள்ளைகள் அதில் தேர்வு முடிவு பார்த்தார்கள்.

அடுத்த நோன்பும் தாண்டி, ஐப்பசியில் ஒரு சாயங்காலம், பாத்திரம் அடுக்கிக்கொண்டிருந்த சமீனா அப்படியே நின்று கேட்டாள். பாரூக் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கேட்டு முடித்ததும் அவள் அவர் பக்கம் திரும்பினாள்.

“இது எனக்கு அன்னைக்கே தெரியுங்க. ஜெயபாண்டி அண்ணே சொல்லிட்டாரு. எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தீங்கன்னா, பசுமலைக்கே குடுத்துருங்கன்னு நானே சொல்லியிருப்பேன்.”

பாரூக் அவளை நேராகப் பார்க்கத் துணிவில்லாமல் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மன்னித்துவிடு என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். வெளியே வானம் இருட்டிக்கொண்டு வந்திருந்தது, கொடியில் துணி ஆடியது. “மழை வர்ற மாதிரி இருக்கு, துணிய எடுத்துரு” என்று சொல்லிவிட்டார். சொல்ல வேண்டியதை மறுநாள் சொன்னார். அந்த மன்னிப்பு மழைப் பேச்சுக்குப் பின்னால் வரிசையில் நிற்கிறது.

அவர் வாயசைவைப் பார்த்து, என்னவோ சொன்னார் என்பது சமீனாவுக்குத் தெரியும். வந்து சேர இரண்டு வருடம் ஆகலாம், மூன்றும் ஆகலாம் என்று ஜெயபாண்டி சொல்கிறார். அவள் இப்போது வெளியூரில் இரவு தங்குவதில்லை. போன மாதம் மேலூரில் தங்கை மகள் நிக்காஹ்வுக்குப் போனவள், எல்லோரும் எவ்வளவோ தடுத்தும் கேட்காமல் பஸ் ஏறி வந்துவிட்டாள். தான் இல்லாத நேரம் பார்த்து அவர் பதில் வந்துவிட்டால் யார் கேட்பது என்றாளாம். வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் ஜன்னலோர நாற்காலிக்கு எதிரே உட்கார்ந்தாள். பாரூக் எழுந்து போய் அவளுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.